செடித் தொட்டியில் கரியமில வாயுவைக் கூட்டுவதும் குறைப்பதும்: மீன்களுக்குக் கேடு வராத முறை

மீன்களோடு நீர்ச்செடிகளும் வளரும் நன்னீர்த் தொட்டிக்கு, செடிகள் செழிக்கக் கரியமில வாயு செலுத்தத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் கேட்கும் முதல் கேள்வி, வினாடிக்கு எத்தனை குமிழி விடலாம் என்பதுதான். அதற்கு எல்லாத் தொட்டிக்கும் பொருந்தும் விடை இல்லை. குமிழிகளை எண்ண உதவும் பபிள் கவுண்டர் ஒவ்வொன்றிலும் குமிழியின் பருமன் மாறும். டிஃப்யூசர் வாயுவை எவ்வளவு நுண்மையாக உடைக்கிறது, நீரின் மேற்பரப்பு எவ்வளவு அலைகிறது, ஃபில்டர் நீரை எந்தப் பக்கம் தள்ளுகிறது என்பவற்றைப் பொறுத்து, ஒரே எண்ணிக்கையிலான குமிழிகள் ஒரு தொட்டியில் செடிக்குப் போதாமலும் இன்னொரு தொட்டியில் மீனைக் கொல்லும் அளவாகவும் அமைந்துவிடும். ஆகவே குமிழிக் கணக்கை, நேற்று வைத்த அளவுக்கு இன்று திரும்பி வருவதற்கான அடையாளமாக மட்டும் கொள்ள வேண்டும்.

வெறும் காற்றோடு சமநிலையில் நிற்கும் நீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்கும் குறைவான வாயுவே கரைந்திருக்கும். மீன்களும் பாக்டீரியாக்களும் வாழும் தொட்டியில் அது சற்றுக் கூடும். வாயு செலுத்துகிறவர்கள் வழக்கமாக நாடுவது 15 முதல் 30 மில்லிகிராம் வரை. 30 என்பதை எட்டியே தீர வேண்டிய இலக்காக நினைப்பவர்கள் பலர். நான் அதை மேல்வரம்பாகவே பார்க்கிறேன். அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன், கிரிப்டோகோரைன் போன்ற செடிகள் மட்டும் உள்ள தொட்டிக்குச் சிலிண்டரே தேவையில்லை. தரை விரிப்பாகப் படரும் செடிகளையும், வலுவான ஒளியில் வளரும் சிவப்பு ரோட்டாலாவையும் வைத்திருப்பவர்களுக்குத்தான் இந்த மேல்வரம்பை நெருங்க வேண்டிய தேவை வருகிறது.

அளப்பதற்கு நம்பகமான எளிய கருவி டிராப் செக்கர். கண்ணாடியாலான அந்தச் சிறு குடுவைக்குள் 4 டிகிரி கார்பனேட் கடினத்தன்மை (நீரில் கரைந்த கார்பனேட், பைகார்பனேட்டின் அளவு; இந்த டிகிரி வெப்பநிலை அல்ல) உள்ள நீரையும், புரோமோதைமால் புளூ என்னும் நிறங்காட்டியையும் விட்டுத் தொட்டிக்குள் ஒட்டி வைக்கிறோம். நீலமாக இருந்தால் வாயு குறைவு. பச்சையானால் ஏறக்குறைய 30 மில்லிகிராம். மஞ்சளானால் அளவு மீறிவிட்டது. தொட்டி நீரையே குடுவையில் ஊற்றுவது பலர் செய்யும் பிழை, அப்படிச் செய்தால் நிறத்துக்குப் பொருளே இல்லை. 4 டிகிரி நீரை வீட்டிலேயே தயாரிக்கலாம். இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் 1 லிட்டரில், ஈரமில்லாத ஆப்பசோடா 1.2 கிராமைக் கரைத்து, அந்தக் கரைசலில் 100 மில்லிலிட்டரை மட்டும் எடுத்து மேலும் 900 மில்லிலிட்டர் டிஸ்டில்டு வாட்டரோடு கலந்தால் போதும். டிராப் செக்கரின் ஒரு குறை, நிறம் மாற இரண்டு மணி நேரமாவது ஆகும் என்பது. நாம் பார்க்கும் பச்சை, தொட்டியின் கடந்த கால நிலையைத்தான் காட்டுகிறது.

உடனுக்குடன் அறிய, நீரின் அமில-காரத் தன்மையைக் காட்டும் பிஎச் மீட்டர் உதவும். வாயு கரையக் கரைய நீர் அமிலமாகி பிஎச் இறங்கும். வாயு நிற்கும் இரவு முடிந்ததும், காலையில் ஒரு டம்ளர் தொட்டி நீரை எடுத்து ஒரு நாள் முழுதும் திறந்து வைத்து, அதன் பிஎச்சைக் குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு வாயு ஓடும்போது தொட்டியின் பிஎச் அதிலிருந்து எவ்வளவு இறங்குகிறது என்று பார்க்க வேண்டும். பிஎச் 1.0 இறங்கினால் வாயு பத்து மடங்கு கூடியிருக்கிறது என்று பொருள். டம்ளர் நீரில் மிச்சமிருக்கும் வாயு வீட்டுக்கு வீடு வேறுபடுவதால், இந்த இறக்கத்தை வைத்து இத்தனை மில்லிகிராம் என்று அறுதியிட்டுச் சொல்ல முடியாது. எத்தனை மடங்கு என்பதை மட்டும் ஐயமின்றிச் சொல்லலாம். கடினத்தன்மையையும் பிஎச்சையும் கொண்டு வாயுவின் அளவைச் சொல்லும் அட்டவணை, வாதாம் இலையும் மரக்கட்டையும் போட்ட தொட்டிகளில் பொய் சொல்லும், ஏனெனில் அவற்றிலிருந்து ஊறும் அமிலமும் பிஎச்சை இறக்குகிறது. அட்டவணையைப் பார்த்துவிட்டு ஆப்பசோடாவை நேரே தொட்டியில் கொட்டிக் கடினத்தன்மையை உயர்த்துவதால், செடிக்குக் கிடைக்கும் வாயு சிறிதும் கூடாது.

இந்த மடங்குக் கணக்கில்தான் ஆபத்து ஒளிந்திருக்கிறது. பிஎச் 0.3 மட்டும் கூடுதலாக இறங்கினாலே வாயு இரு மடங்காகிவிடும். மீட்டரில் 6.6 என்பது 6.3 ஆவது கண்ணுக்கு ஒன்றுமில்லை. நீரில் 30 மில்லிகிராம் 60 ஆகிறது. நான் இதை உணர்ந்தது ஒரு கெட்ட நாளில். 60 லிட்டர் தொட்டியில் செடிகள் நன்றாக இருந்தும் இன்னும் கொஞ்சம் என்ற ஆசையில், காலையில் வாயுவின் ஓட்டத்தைத் திருத்தும் ஊசி வால்வை ஒரு மயிரிழை திறந்துவிட்டு வேலைக்குப் போனேன். மாலையில் வந்து பார்த்தபோது நியான் டெட்ராக்கள் எல்லாம் ஃபில்டர் நீர் விழும் மூலையில் மேலே கூடி, வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தன. நான்கு மீன்கள் கிரிப்டோகோரைன் இலைகளுக்கு இடையில் நிறமிழந்து கிடந்தன. பின்னால் இருந்த செடிகளின் இலை முனையிலிருந்து ஆக்சிஜன் குமிழிகள் அழகாக ஏறிக்கொண்டிருந்தன. செடியின் மகிழ்ச்சி மீனின் நலத்துக்குச் சாட்சி ஆகாது என்பதை அன்றுதான் கண்டேன்.

அந்த நீரில் ஆக்சிஜன் இல்லாமல் போகவில்லை. கரியமில வாயு கூடினால் ஆக்சிஜன் வெளியேறிவிடும் என்ற எண்ணம் தவறு; இரண்டும் தனித்தனியே கரைகின்றன. மீனின் இரத்தத்தில் உள்ள வாயு செவுள் வழியாக நீருக்குள் இறங்க, நீரில் அதன் அளவு குறைவாக இருக்க வேண்டும். நீரிலேயே அது மிகுந்தால் இரத்தத்தில் தேங்கி அமிலத்தன்மையைக் கூட்டுகிறது. அதனால் ஆக்சிஜனைப் பற்றிக்கொள்ளும் திறனை இரத்தம் இழக்கிறது. இந்த நிலையில் நீரில் ஆக்சிஜன் நிறைந்திருந்தால் மீன் ஓரளவு தாக்குப்பிடிக்கும், குறைந்திருந்தால் விரைவில் வீழும்.

ஆகையால் வால்வைத் தொடுமுன் சீர்செய்ய வேண்டியது மேற்பரப்பின் அசைவு. ஃபில்டரின் வெளிப்போக்கைச் சற்று உயர்த்தி, மேற்பரப்பு முழுதும் மெல்ல அலையும்படி வைக்க வேண்டும். இதனால் வாயு வீணாகிறது என்று வருந்துவோர் உண்டு. வீணாகத்தான் செய்யும், ஆனால் உள்ளே வரும் வாயுவும் வெளியேறும் வாயுவும் விரைவில் ஒரு சமநிலைக்கு வந்து, நாள் முழுதும் அளவு ஏறிக்கொண்டே போகாமல் நிற்கும். அசைவற்ற தொட்டியில் காலை பத்து மணிக்குச் சரியாக இருந்த அளவு, மாலை ஐந்து மணிக்கு நஞ்சாகிவிடுகிறது. நம் கோடையில் இது இன்னும் முக்கியம்: 25 டிகிரி நீரில் லிட்டருக்கு 8.3 மில்லிகிராம் வரை நிற்கும் ஆக்சிஜன், 30 டிகிரியில் 7.6 ஆகக் குறைகிறது. மீனின் தேவையோ கூடுகிறது.

வாயுவைக் கூட்டுவதை, முழு நாளும் வீட்டில் இருக்கும் விடுமுறை நாளில் மட்டும் செய்ய வேண்டும். ஒளி எரிவதற்கு ஒன்றரை அல்லது இரண்டு மணி நேரம் முன்பே வாயு ஓடத் தொடங்கி, ஒளி அணைவதற்கு ஒரு மணி நேரம் முன்பு நிற்க வேண்டும். இருளில் செடிகளும் ஆக்சிஜனையே எடுப்பதால் இரவில் வாயு கூடவே கூடாது. முதல் நாள் பிஎச் 0.5 இறங்கும் அளவோடு நிறுத்தி, அப்படியே இரண்டு மூன்று நாள் விட வேண்டும். பிறகு ஒவ்வொரு முறையும் 0.1 அல்லது 0.2 மட்டும் கூட்டி, அடுத்த மாற்றத்துக்கு முன் குறைந்தது இரண்டு நாளாவது காத்திருக்க வேண்டும். மொத்த இறக்கம் 1.0 ஆனதும் அங்கேயே தங்கி, டிராப் செக்கரையும் செடிகளையும் ஒரு வாரம் கவனித்த பின்பே மேலே போவதா என்று முடிவு செய்ய வேண்டும். மீன்களைப் பார்க்க வேண்டிய நேரம், வாயு நிற்பதற்குச் சற்று முன்பு. அப்போதுதான் அளவு உச்சத்தில் இருக்கும். செவுள்கள் வழக்கத்தைவிட வேகமாக அடித்தால், தீனிக்கு மீன் வரத் தயங்கினால், இறால்கள் மேயாமல் அசைவற்று நின்றால், மேலே வந்து திணறும் வரை காத்திராமல் அப்போதே முந்தைய அளவுக்குத் திரும்பிவிட வேண்டும். டிராப் செக்கர் பச்சை காட்டினாலும் மீன் திணறினால், மீனைத்தான் நம்ப வேண்டும்.

குறைக்கும்போதும் அவசரம் ஆகாது. ஒளியின் நேரத்தையோ வலிமையையோ முதலில் குறைத்துவிட்டு, பிறகு ஓரிரு வாரங்களில் வாயுவைச் சிறிது சிறிதாகக் குறைத்தால் செடிகள் பழகிக்கொள்ளும். ஒளி அப்படியே இருக்க வாயுவை மட்டும் திடீரென நிறுத்தினால் இலைகள் கரையும், பாசி பிடிக்கும்.

மின்வெட்டு நம் ஊர்த் தொட்டிகளுக்கே உரிய கவலை. வாயுவை மின்சாரத்தால் திறந்து மூடும் சோலினாய்டு வால்வு, மின்சாரம் நின்றதும் தானே மூடிக்கொள்ளும். ஆனால் சோலினாய்டு இன்வெர்ட்டர் இணைப்பிலும் ஃபில்டர் சாதாரண இணைப்பிலும் இருந்தால், நீரோட்டம் நின்ற தொட்டிக்குள் வாயு மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். இரண்டையும் ஒரே இணைப்பில் வைக்க வேண்டும். முள் சுற்றும் பழைய வகை டைமர், மின்சாரம் நின்ற நேரம் அளவுக்குப் பின்தங்கிவிடும் என்பதால், ஒவ்வொரு நீண்ட மின்வெட்டுக்குப் பின்னும் அதைத் திருத்தி வைக்க வேண்டும்.

சிலிண்டரைப் பொறுத்தவரை, அதை நிமிர்த்தி, சாயாதபடி கட்டி, வெயிலும் அடுப்பின் சூடும் படாத இடத்தில் வைக்க வேண்டும். 31 டிகிரிக்கு மேல் உள்ளே இருக்கும் வாயு திரவமாக நிற்பதில்லை. வெப்பம் ஏற ஏற அழுத்தம் விரைந்து உயரும். அளவுக்கு மீறி நிரப்பித் தரச் சொல்லவே கூடாது. இணைப்புகளில் சோப்பு நீர் தடவி நுரைக்கிறதா என்று பார்க்க வேண்டும். இந்த வாயு காற்றைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு கனமானதால் கசிந்தால் தரையோடு தேங்கும். மூடிய சிறு படுக்கையறையில் பெரிய சிலிண்டரை நான் வைக்கமாட்டேன். வெப்பம் மாறாவிட்டால், உள்ளே திரவம் இருக்கும் வரை அழுத்த மானியின் முள் அசையாமல் நிற்கும். அது இறங்கத் தொடங்கினால் சிலிண்டர் தீரப்போகிறது. அழுத்தத்தை ஒரே கட்டத்தில் குறைக்கும் மலிவான ஒற்றை நிலை ரெகுலேட்டர்களில் அந்தக் கட்டத்தில் வெளிவரும் அழுத்தம் கூடி, மிச்ச வாயு வேகமாகத் தொட்டிக்குள் பாயக்கூடும். முள் இறங்கியதைக் கண்டதும் சிலிண்டரை மாற்றிவிடுவதே நல்லது.

இவ்வளவுக்கும் மீறி மீன்கள் மேலே வந்து திணறினால், முதலில் சிலிண்டரின் வால்வை மூடி, ஏர் பம்பை முழு வேகத்தில் ஓடவிட்டு, ஃபில்டர் நீர் உயரத்திலிருந்து விழும்படி செய்ய வேண்டும். குளோரின் நீக்கி, அதே வெப்பநிலையில் இருக்கும் நீர் கைவசம் இருந்தால் பாதித் தொட்டியை மாற்றலாம். போர் தண்ணீரை நேரே பிடித்து ஊற்றக் கூடாது, நிலத்தடியிலிருந்து வரும்போதே அதில் கரியமில வாயு மிகுந்திருப்பது உண்டு. வாளியில் ஒரு இரவு வைத்து ஆறிய நீரே வேண்டும். பக்கவாட்டில் சாய்ந்து கிடக்கும் மீன்கூடச் சில நேரம் எழுந்துவிடும் என்பதால், உடனே இறந்ததாக எண்ணி அகற்றாமல், ஏர் ஸ்டோனுக்கு அருகில் விட்டுப் பார்க்க வேண்டும். அன்று முழுதும் வாயுவைத் திறக்காமல், மறுநாள் மீன்கள் வழக்கம்போல் தீனி எடுத்த பின், முன்பிருந்த அளவில் பாதியிலிருந்து மீண்டும் தொடங்கலாம்.