நன்னாரி சர்பத்துக்குக் கௌபாய் வேஷம்: லேபிளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் சர்பத், சோடா, பாட்டில் அக்கானி (பதநீர்) என்று புதிதாகத் தொழில் தொடங்குகிறவர்கள் டிசைனரிடம் வந்து உட்கார்ந்ததும் கேட்கும் விஷயங்களில் ஒன்று, "பழைய வெஸ்டர்ன் லுக் வேணும்." கேட்பதில் தப்பில்லை. ஜெய்சங்கர் குதிரையேறிய காலத்திலிருந்தே கௌபாய் நமக்கு அந்நியன் இல்லை. பழுப்புத் தாள், தடித்த எழுத்து, வில்லாக வளைந்த பெயர், இரண்டு பக்கமும் நட்சத்திரம் என்றால் பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. கம்ப்யூட்டர் திரையில் இருக்கும்வரை எல்லாம் நன்றாகத்தான் இருக்கும். பாட்டிலில் ஒட்டி, பெட்டிக்கடை ஐஸ் பெட்டிக்குள் போன பிறகுதான் சாயம் வெளுக்கிறது, சில நேரம் நிஜமாகவே.

சாமான்களைக் குவிப்பது

முதல் தவறு, வெஸ்டர்ன் பாணியைப் பொருட்களின் பட்டியலாக நினைப்பது. தொப்பி, குதிரை லாடம், துப்பாக்கி, கள்ளிச்செடி, மாட்டு மண்டையோடு என எல்லாவற்றையும் ஒரே லேபிளில் திணித்தால் அது பழைய காலத்தைக் காட்டாது, மாறுவேடப் போட்டியைத்தான் காட்டும்.

அந்தப் பாணி பிறந்தது அச்சகத்தில். சுவரொட்டிக்குத் தேவையான பெரிய எழுத்துகளை ஈயத்தில் வார்த்தால் கனமும் அதிகம், செலவும் அதிகம். 1827-இல் நியூயார்க்கைச் சேர்ந்த டேரியஸ் வெல்ஸ் மர எழுத்துகளை இயந்திரத்தால் குடைந்து மொத்தமாகச் செய்ய வழி கண்டார். அதற்குப் பிறகு தடித்த பாதம் வைத்த எழுத்து, ஒல்லியாக உயர்ந்த எழுத்து, நுனி பிளந்த எழுத்து என்று வகை வகையாக வந்தன. ஒவ்வொரு வரியும் தாளின் முழு அகலத்துக்கும் நிறைய வேண்டும் என்பதால், சின்ன வார்த்தைக்கு அகல எழுத்தும் நீள வார்த்தைக்கு ஒடுங்கிய எழுத்தும் எடுத்துக் கோத்தார்கள். நாம் இன்று பழமையின் அழகு என்று ரசிப்பது பெரும்பாலும் இந்தக் கட்டாயத்தின் விளைவு.

இது தெரிந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. சுவரில் ஒட்டும் பெரிய தாளில் ஐந்து வகை எழுத்து எடுபடும். நம் 200 மில்லி பாட்டில் லேபிளின் முகப்பு உள்ளங்கை அகலம்கூட வராது. அதில் இரண்டு வகை எழுத்து போதும். மூன்றாவது வேண்டுமென்றால் அதற்கு ஒரு காரணம் இருக்க வேண்டும். நிறமும் அப்படித்தான். அன்றைக்கு ஒவ்வொரு நிறத்துக்கும் தாளைத் தனியாக ஒருமுறை ஓட்ட வேண்டியிருந்தது. அதனால் கறுப்போடு ஒரு சிவப்பு, அவ்வளவுதான். ஏழு நிறச் சாயலும் நிழலும் போட்டுவிட்டுப் பழையது என்றால் யாரும் நம்ப மாட்டார்கள்.

கை வைத்த கள்ளி படத்தைப் போடுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அது சகுவாரோ. அரிசோனாவையும் மெக்சிகோவையும் ஒட்டிய சொனோரா பாலைவனத்துச் செடி. 'டெக்சாஸ்' என்று எழுதி அதன் பக்கத்தில் இதை நிறுத்தினால் விஷயம் தெரிந்தவர் சிரிப்பார். காற்றாலையும் அதே கதைதான். ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் சுற்றுவது மூன்று இறக்கை மின்சாரக் காற்றாலை. அமெரிக்கப் பண்ணைகளில் தண்ணீர் இறைத்தது நிறைய இறக்கை வைத்த சின்னச் சக்கரம். முப்பந்தலில் எடுத்த போட்டோவைக் கோட்டோவியமாக்கி வெஸ்டர்ன் என்று கொடுத்தால் பொருந்தாது. அமெரிக்கப் பூர்வகுடிகளின் இறகுத் தலைப்பாகையை மட்டும் தொடவே வேண்டாம். அது அலங்காரப் பொருளல்ல, அவர்களுக்கு மரியாதைச் சின்னம். லேண்ட் ஓ லேக்ஸ் என்ற பெரிய வெண்ணெய் பிராண்டே பல பத்தாண்டுகளாக வைத்திருந்த பூர்வகுடிப் பெண் படத்தை 2020-இல் எடுத்துவிட்டது.

என் கணக்கில், சட்டகம் மட்டும் வெஸ்டர்னாக இருந்து உள்ளே இருப்பது நம்மூராக இருந்தால்தான் அந்த லேபிள் நிற்கும். கள்ளி நிற்கும் இடத்தில் பனையை நிறுத்திப் பாருங்கள். ஒற்றை நிறக் கோட்டோவியத்தில் பனை மாதிரி கம்பீரமான உருவம் கிடைப்பது கஷ்டம். நன்னாரி விற்பவர்களுக்கு இன்னும் நல்ல வாய்ப்பு இருக்கிறது. அமெரிக்க மேற்கில் சலூன் என்ற மதுக்கடைகளில் சார்சபரில்லா என்ற பானம் குடித்தார்கள். அது ஸ்மைலாக்ஸ் என்ற கொடியின் வேர். நம் நன்னாரி, ஹெமிடெஸ்மஸ் இண்டிகஸ், வேறு குடும்பத்துச் செடி. ஆனாலும் இந்தியச் சார்சபரில்லா என்றே வெளிநாட்டார் அதை அழைத்தார்கள். ஆகவே கௌபாய்ச் சட்டகம் நன்னாரிக்கு ஒட்டாத வேஷமில்லை. தவறு எங்கே வருகிறதென்றால், இணையத்தில் சார்சபரில்லா என்று தேடி, கிடைத்த அகல இலைப் படத்தை அப்படியே எடுத்து ஒட்டும்போது. நன்னாரி இலை ஒடுக்கமாக, நீளமாக, நடு நரம்பை ஒட்டி வெள்ளைக் கீற்றோடு இருக்கும். ஒரு கொடியைப் பறித்து மேசையில் வைத்து வரையச் சொல்லுங்கள்.

தமிழ் எழுத்துக்குப் பூட்ஸ் மாட்டுவது

அதிகம் கெடுவது இங்கேதான். வெஸ்டர்ன் ஆங்கில எழுத்தின் அடையாளம் அதன் தடித்த பாதம். அதே பாதத்தைத் தமிழிலும் எல்லாக் காலுக்கும் மாட்டிவிடுகிறார்கள். 'நன்னாரி'யை எடுத்துக்கொள்ளுங்கள். துணைக்கால் 'ா'வையும் 'ர'வையும் பிரிப்பதே அடியில் இருக்கும் அந்தச் சின்ன இழுப்புதான். துணைக்காலுக்கும் ஒரு பாதம் வைத்தால் கடையில் நிற்பவர் 'நன்னரரி' என்று படிப்பார். புள்ளியும் இப்படித்தான் பலியாகிறது. எழுத்துக்கு உள்கோடு, வெளிக்கோடு, நிழல் மூன்றும் போட்டு, மேலே கீறல் விழுந்த மாதிரி ஒரு தேய்மானத்தையும் பூசினால் 'ன்' மேல் இருக்கும் புள்ளியும் கீறலோடு கீறலாகப் போய்விடும். 'ண', 'ன' சுழிகள் நிழலில் அடைத்துக்கொண்டு ஒன்று போலவே தெரியும்.

வளைவும் ஒரு சிக்கல். ஆங்கிலப் பெரிய எழுத்துகள் எல்லாம் ஒரே உயரம், ஆகவே வில்லாக வளைத்தால் அழகாக உட்காரும். தமிழில் 'ரி' மேலே கொக்கி போடும், 'சு' கீழே இறங்கும். மென்பொருளில் மொத்தமாக வளைத்தால் ஒரு பக்கம் எழுத்து வீங்கும், இன்னொரு பக்கம் நசுங்கும். ஒவ்வொரு எழுத்தையும் தனித்தனியாகக் கோட்டில் வைத்து, இடைவெளியைக் கண்ணால் பார்த்துச் சரிசெய்வதுதான் வழி. அதற்கு நேரமில்லை என்றால் வளைவை ஆங்கிலப் பெயருக்கு விட்டுவிட்டுத் தமிழை நேர்கோட்டில் வையுங்கள். குறைச்சலாகத் தெரியாது.

உண்மையிலேயே பழைய தமிழ்த் தோற்றம் வேண்டுமென்றால் அதற்கு அமெரிக்கா போக வேண்டாம். நாகர்கோவிலில் 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே லண்டன் மிஷன் அச்சகம் ஓடியிருக்கிறது. அந்தக் கால ஈய எழுத்துகளின் கனமும் உருட்டலும் தடித்த வெஸ்டர்ன் எழுத்தின் பக்கத்தில் நன்றாகவே பொருந்தும். 1978-இன் எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய வடிவங்களும் இருக்கின்றன. அப்போது 'னா' துணைக்கால் இல்லாமல் ஒரே எழுத்தாகச் சுருண்டிருக்கும், 'லை'க்குத் துதிக்கை இருக்கும். பெயரில் ஒரே ஒரு இடத்தில் வைத்தால் அழகு. இருபது வயதுக்காரர்களுக்கு அந்த எழுத்து பழக்கமில்லை என்பதால் பின்பக்க விவரங்களுக்குக் கொண்டுபோக வேண்டாம்.

இலவச எழுத்துருக்களைப் பற்றி ஒரு வார்த்தை: 'சொந்த உபயோகத்துக்கு மட்டும்' என்று போட்டிருந்தால் அதில் வியாபார லேபிள் அடிக்கக் கூடாது. ரெடிமேட் லோகோவும் வேண்டாம். அதே லாடமும் நட்சத்திரமும் இன்னொரு ஊரில் ஒரு சோப்புக்கும் இருக்கும்.

விஸ்கி பாட்டில் மாதிரி

வெஸ்டர்ன் என்றதும் பலருக்கு நினைவு வருவது கறுப்பு லேபிளில் வெள்ளை எழுத்து வைத்த அந்தச் சதுர பாட்டில். அதைப் பார்த்துப் போட்டால் இரண்டு பக்கமும் இடிதான். அந்த விஸ்கியைச் செய்யும் ஜாக் டேனியல்ஸ் தன் தோற்றத்தை விட்டுக்கொடுக்கிற நிறுவனம் இல்லை. அவர்கள் பாட்டில் மாதிரி நாய்க்குப் பொம்மை செய்த நிறுவனத்தின்மீதே வழக்காடி அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். 2023-இல் தீர்ப்பு ஜாக் டேனியல்ஸ் பக்கமே வந்தது. இன்னொரு இடி உள்ளூரில் விழும். கல்யாண வீட்டுப் பந்தியில், கோயில் கொடைக்கு, சர்ச் விருந்துக்கு வாங்கிவைக்கும் சர்பத் பாட்டில் தூரத்திலிருந்து பார்க்க டாஸ்மாக் சரக்கு மாதிரி இருந்தால் யார் வாங்குவார்கள்? குடும்பத்தோடு குடிக்கும் பானத்துக்குப் பால் வெள்ளை, சிவப்பு, இளம்பச்சை என்று பழைய சோடா ஃபவுன்டன் (சோடா விற்ற அமெரிக்கக் கடைகள்) பாணியின் பக்கம் சாய்வதே நல்லது.

பழசு என்று பொய் சொல்வது

பெயருக்குக் கீழே ஒரு வருடம் போடுவது இந்தப் பாணியின் வழக்கம். போன வருடம் தொடங்கியிருந்தால் போன வருடத்தையே போடுங்கள், அதிலும் ஒரு குறும்பு இருக்கிறது. '1920 முதல், கன்னியாகுமரி மாவட்டம்' என்று அடித்தால் இரண்டு பொய். ஒன்று வருடம். இன்னொன்று, இந்த மாவட்டமே 1956 நவம்பர் 1-இல்தான் பிறந்தது, அதற்கு முன் இது திருவிதாங்கூர். திருவிதாங்கூர் என்றதும் யானைகளுக்கு நடுவே சங்கு வைத்த சின்னத்தை எடுத்துவிடாதீர்கள். அதன் வழிவந்ததுதான் இன்றைய கேரள அரசுச் சின்னம். அரசுச் சின்னங்களை வியாபாரத்துக்குப் பயன்படுத்துவதை 1950-ஆம் ஆண்டுச் சட்டமே தடுக்கிறது.

'ஒரிஜினல்', 'பாரம்பரிய' போன்ற சொற்களும் அலங்காரம் இல்லை. உணவு விளம்பரங்கள், உரிமைகோரல்கள் பற்றிய இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ-யின் 2018 விதிகளின்படி, குறைந்தது 30 வருடமாகப் பெரிதாக மாறாமல் இருக்கும் செய்முறைக்குத்தான் 'பாரம்பரிய' என்று போடலாம். பிராண்ட் பெயரிலேயே இப்படி ஒரு சொல் வந்து வாங்குபவரைக் குழப்பும் என்றால், அது வெறும் பெயர்தான் என்ற குறிப்பை 3 மில்லிமீட்டருக்குக் குறையாத எழுத்தில் போட வேண்டும்.

பழைய அமெரிக்க டானிக் லேபிள்களில் தலைவலி முதல் வாதம் வரை தீரும் என்று எழுதியிருப்பார்கள். அங்கேயே 1906-இல் சட்டம் வந்து அந்த ஆட்டத்துக்குக் கடிவாளம் போடத் தொடங்கியது. 'உடல் சூடு தணிக்கும், ரத்தம் சுத்தமாகும், சிறுநீரகக் கல் கரையும்' என்று பழைய பாணியில் வேடிக்கையாக எழுதினாலும் அதிகாரி அதை வேடிக்கையாகப் பார்க்க மாட்டார். தவறான விளம்பரத்துக்கு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 53-ஆம் பிரிவில் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு.

பழுப்பு மையால் வரும் வினை

செலவு மிச்சம், பழைய தோற்றம் என்று முழு லேபிளையும் ஒரே பழுப்பு மையில் அடிப்பவர்கள் இருக்கிறார்கள். லேபிளில் சதுரத்துக்குள் இருக்கும் பச்சை வட்டத்தைப் பாருங்கள். அதுவும் பழுப்பாகிவிட்டால்? பழுப்பு வட்டம் பல வருடம் அசைவக் குறியாக இருந்தது. இப்போது அசைவத்துக்குப் பழுப்பு முக்கோணம் வந்துவிட்டது, ஆனால் வாங்குபவர் மனதில் பழுப்பு என்றால் அசைவம்தான். ஆக, சுத்த சைவ நன்னாரி சர்பத் ஒரே மைச் சிக்கனத்தால் கறிக்கடைப் பொருளாகிவிடும். பச்சைக்கென்று தனி மை கண்டிப்பாக வேண்டும்.

பார்கோடும் இதே மாதிரி. ஸ்கேனர்களில் பலவும் சிவப்பு வெளிச்சத்தில் படிக்கின்றன. சிவப்பு, செம்பழுப்புக் கோடுகள் அந்த வெளிச்சத்தில் மங்கி மறைந்துவிடும். கிராஃப்ட் எனும் பழுப்புத் தாளின் பின்னணி இன்னும் மோசம். பார்கோடுக்கு வெள்ளைக் கட்டம், கறுப்புக் கோடு. அழகு பார்க்க வேண்டிய இடம் இதுவல்ல.

இன்னொன்று, நன்னாரி சர்பத்தே கரும்பழுப்பு. கண்ணாடி பாட்டிலில் அதன் மேல் பழுப்பு லேபிள் ஒட்டினால் கடை அலமாரியில் மொத்தமும் ஒரே இருட்டாகத் தெரியும்.

ஐஸ் பெட்டித் தேர்வு

குமரி மாவட்டத்தில் தென்மேற்குப் பருவமும் உண்டு, வடகிழக்கும் உண்டு. காற்றில் ஈரம் குறைவதே இல்லை. போதாததற்குப் பாட்டில் நாள் முழுக்க ஐஸ் தண்ணீரில் கிடக்கும். பூச்சில்லாத கிராஃப்ட் தாள் கையில் பிடிக்க அருமை. ஐஸ் பெட்டியில் ஊறி நார் நாராகும். ஈரம் தாங்கும் தாளோ, மேட் பூச்சு கொடுத்த பிபி (பாலிபுரொப்பிலீன் பிளாஸ்டிக்) ஃபிலிமோ எடுங்கள். கிராஃப்ட் நிறத்தை அதன் மேல் அச்சிட்டுக்கொள்ளலாம். கூரான முனைகள் வைத்த லேபிள் வடிவம் வெஸ்டர்னுக்குப் பொருத்தம்தான், ஆனால் முதலில் உரிவது அந்த முனைகள். கொஞ்சம் உருட்டிவிடுங்கள்.

கோலி சோடா பாட்டில் இன்னொரு தினுசு. ஹிராம் காட் 1870-களில் உருவாக்கிய அந்த பாட்டிலுக்குக் கழுத்தில் இடுப்பு உண்டு. நேர்ச்செவ்வக லேபிள் உட்காரும் இடம் கீழ்ப்பகுதி மட்டும்தான். மேலே ஏற்றி ஒட்டினால் சுருங்கும். சூட்டில் சுருங்கி பாட்டிலோடு ஒட்டும் ஷ்ரிங்க் ஸ்லீவ் உறை போட்டால் வளைவில் எழுத்து இழுபடும். அதைக் கணக்கிட்டு முன்கூட்டியே மாற்றி வரைய வேண்டும்.

தேய்ந்த மாதிரிக் கீறல், கறை எல்லாம் பெரிய எழுத்தில் மட்டும், அதுவும் லேசாக. அந்தக் கால அச்சுக்காரர் சுத்தமாக அச்சடிக்கத்தான் பாடுபட்டார், கீறல் தேய்ந்த எழுத்தால் வந்தது. லேபிள் முழுக்கக் கறை போட்ட பாட்டிலை ஒரு கடைக்காரர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "பழைய சரக்கா மக்ளே?" என்று கேட்டால் விற்பனைப் பையன் என்ன பதில் சொல்வான்?

சிவகாசிக்கு மொத்த ஆர்டர் கொடுக்குமுன் உள்ளூர் டிஜிட்டல் அச்சகத்தில் கொஞ்சம் அடித்து, நிஜ பாட்டிலில் ஒட்டி, ஒரு ராத்திரி ஐஸ் தண்ணீரில் போடுங்கள். மறுநாள் சில பாட்டில்களை வெயில் விழும் கடை முகப்பில் வைத்துச் சில வாரம் விடுங்கள். சிவப்பும் மஞ்சளும்தான் முதலில் வெளுக்கும். தேதியும் விலையும் பேட்ச் எண்ணும் விழும் இடத்தை வார்னிஷ், லேமினேஷன் இல்லாமல் வெறுமையாக விடச் சொல்லி அச்சகத்தில் எழுதியே கொடுங்கள். பளபளப்புப் பூச்சின் மேல் குத்திய முத்திரை மை ஈரக்கை பட்டதும் அழிந்துவிடும். தேதி தெரியாத பாட்டிலைக் கடைக்காரர் திருப்பி அனுப்புவார். விலையை டிசைனோடு சேர்த்து அடிக்கவே வேண்டாம். சர்க்கரை விலை ஏறினால் மிச்சமிருக்கும் லேபிள் எல்லாம் குப்பைக்குத்தான்.