நியூயார்க் தன்னார்வத் தீயணைப்பு வீரர்களுக்கு லோசாப்: புள்ளியில் தொடங்கி ஓய்வுத்தொகை வரை

அமெரிக்காவில் தீயணைக்க ஓடுகிறவர்களில் பெரும்பாலோருக்குச் சம்பளம் கிடையாது. 2020 கணக்குப்படி சுமார் 10,41,200 தீயணைப்பு வீரர்களில் 6,76,900 பேர் தன்னார்வலர்கள். வயதான காலத்தில் அவர்களுக்குப் பொதுப் பணத்திலிருந்து ஒரு தொகை வர வழி செய்வது லோசாப் என்ற சேவைக்கால விருதுத் திட்டம். மாநிலத்துக்கு மாநிலம் விதிகள் மாறும். இங்கே சொல்வது நியூயார்க்கின் பொது நகராட்சிச் சட்டம், அத்தியாயம் 11-ஏ படி நடப்பது.

திட்டத்தில் இரண்டு வகை உண்டு. முதல் வகையில், தகுதி பெற்ற ஒவ்வோர் ஆண்டுக்கும் உங்கள் பெயரில் ஒரு குறிப்பிட்ட தொகை போட்டு வைக்கப்படும். முதலீடு ஏறினால் உங்கள் தொகையும் ஏறும், இறங்கினால் இறங்கும். இரண்டாவது வகையில், ஓய்வு வயது வந்ததும் மாதாமாதம் இவ்வளவு என்று உறுதி தரப்படும். சேவை ஆண்டு ஒன்றுக்கு மாதம் 20 டாலர் என்று வைத்தால், 25 ஆண்டு சேர்த்தவருக்கு மாதம் 500 டாலர். வீரருக்கு இரண்டாவது வகையே மேல். ஆனால் சந்தை சரிந்தால் பள்ளத்தை நிரப்ப வேண்டியது ஊர்க்காரர்களின் சொத்து வரி. அதனால் இந்த வகையை எடுக்கும் ஊர், காப்பீட்டுக் கணக்காளரைக் கொண்டு ஆண்டுதோறும் கணக்குப் பார்த்தே ஆக வேண்டும்.

புதிதாகத் தொடங்கும் ஊரில், நிர்வாகக் குழு உறுப்பினர்களில் குறைந்தது 60 சதவீதம் பேர் ஆதரித்துத் தீர்மானம் போட வேண்டும். பிறகு அது வாக்காளர்களிடம் போகும். ஆண்டுச் செலவு மொத்தம் எவ்வளவு, தலைக்கு எவ்வளவு, திட்டத்தை யார் நிர்வகிப்பார் என்பதையெல்லாம் தீர்மானத்திலேயே எழுதுங்கள். தலைக்கு எவ்வளவு என்ற எண்ணைத் தெளிவாகச் சொல்லாத ஊர்களில், வாக்காளர் சந்தேகத்தில் ‘வேண்டாம்’ என்று குத்திவிட்டுப் போவார்.

எல்லாவற்றுக்கும் அடிப்படை புள்ளிகள்தான். ஜனவரி முதல் டிசம்பர் வரை 50 புள்ளி எடுத்தால் ஓர் ஆண்டு சேவை. 49 எடுத்தால் அந்த ஆண்டே கணக்கில் வராது. எந்த ஒரு வகையிலும் 25-க்கு மேல் தர முடியாது என்பதால் குறைந்தது இரண்டு வகையிலாவது சேர்க்க வேண்டும். கூட்டங்களுக்கும் ட்ரில் எனப்படும் செயல்முறைப் பயிற்சிக்கும் தலா ஒரு புள்ளி, ஒவ்வொன்றிலும் உச்சம் 20. இரண்டு மணி நேரத்துக்குக் குறைவான ட்ரில்லுக்குப் புள்ளி இல்லை. பதவி வகிப்பதற்கு 25 வரை உண்டு. பயிற்சி வகுப்பு 20 மணி நேரத்துக்குள் என்றால் மணிக்கு ஒன்று, ஆனால் 5-க்கு மேல் போகாது. 20 முதல் 45 மணி வரை என்றால், 20-ஐத் தாண்டிய ஒவ்வொரு மணிக்கும் ஒன்று, உச்சம் 10. 45 மணியைத் தாண்டினால் 15, 100 மணியைத் தாண்டினால் 25.

பலரும் சறுக்குவது தீ அழைப்புகளில். இங்கே அழைப்புக்கு ஒரு புள்ளி என்ற கணக்கே இல்லை. குறைந்தபட்ச எண்ணிக்கையைத் தொட்டால் 25, தொடாவிட்டால் பூஜ்யம். ஆண்டுக்கு 500 அழைப்பு வரை உள்ள நிலையத்தில் 10 சதவீதத்துக்குப் போயிருக்க வேண்டும். 500 முதல் 1,000 வரை 7.5 சதவீதம், 1,500 வரை 5 சதவீதம், அதற்கு மேல் 2.5 சதவீதம். மீட்பு, ஆம்புலன்ஸ் அழைப்புகளுக்குத் தனிக் கணக்கு.

400 அழைப்பு வந்த நிலையத்தை எடுத்துக்கொள்வோம். 40 அழைப்புக்குப் போனவர், 15 ட்ரில், 10 கூட்டம் சேர்த்தால் சரியாக 50. இன்னொருவர் அதே ட்ரில், அதே கூட்டம், ஆனால் அழைப்பு 39. அவருக்கு மொத்தமே 25. ஓர் ஆண்டு உழைப்பு கணக்கில் ஏறாமல் போகிறது. இது மனதை உறுத்தும் விதி, ஆனால் சட்டம் அப்படித்தான். ஆகவே இதுவரை வந்த மொத்த அழைப்பு எத்தனை, ஒவ்வொருவரும் எத்தனைக்குப் போனார் என்று மாதம் தவறாமல் நிலையப் பலகையில் ஒட்டச் சொல்லுங்கள். அக்டோபரிலேயே பற்றாக்குறை தெரிந்தால், ஒரு 50 மணி நேர வகுப்பில் சேர்ந்து 15 புள்ளியையாவது மீட்கலாம். டிசம்பர் கடைசி வாரத்தில் தெரிந்து பயனில்லை.

வருகைத் தாளில் தேதி, அழைப்பு எண், தொடங்கிய நேரம், முடிந்த நேரம், கையெழுத்து ஐந்தும் இருக்கட்டும். நேரம் எழுதாத ட்ரில் தாள் இரண்டு மணி நேரத்தை நிரூபிக்காது. மாதக் கூட்டம் முடிந்து அங்கேயே ட்ரில் நடந்தால் இரண்டுக்கும் தனித்தனித் தாள் போடுங்கள். தணிக்கையில் ஒரே தாளைக் காட்டி இரண்டு புள்ளி கேட்டால் நிற்காது. நண்பருக்காகக் கையெழுத்துப் போடுவதை எந்த நிலையமும் பொறுத்துக்கொள்ளக் கூடாது. யார் எத்தனை புள்ளி எடுத்தார் என்ற ஆண்டுப் பட்டியல் சத்தியப் பிரமாணத்தின் பேரில் போகிறது.

அந்தப் பட்டியலை நிலையம் மார்ச் 31-க்குள் நிர்வாகக் குழுவிடம் தர வேண்டும். குழு ஒப்புக்கொண்ட பட்டியல் குறைந்தது 30 நாள் நிலையத்தில் ஒட்டப்படும். பிழையைக் கேட்க வேண்டிய நேரம் இதுதான். உங்கள் பெயர், புள்ளி, பிறந்த தேதி மூன்றையும் சரிபாருங்கள். குறை இருந்தால் எழுத்தில் கொடுத்து நகல் வைத்துக்கொள்ளுங்கள். ஓய்வு வயதில் வந்து, இருபது வருடத்துக்கு முந்தைய வருகைத் தாளைத் தேடச் சொன்னால் யாராலும் முடியாது.

ஐந்து சேவை ஆண்டு சேர்ந்தால் தொகை உங்களுக்கு உறுதியாகிறது. ஆனால் கைக்கு வரும்வரை நிதி ஊரின் சொத்தாகவே இருக்கும். அதை ஐஆர்ஏ என்ற தனிநபர் ஓய்வுக்காலச் சேமிப்புக் கணக்குக்கு மாற்ற முடியாது. வாங்கும் ஆண்டில் வழக்கமான வருமானமாக வரி கட்ட வேண்டும். ஓர் ஆண்டுச் சேவைக்குச் சேரும் பலனுக்குக் கூட்டாட்சிச் சட்டம் வைத்த வரம்பு முன்பு 3,000 டாலர். 2018 முதல் 6,000 ஆகி, விலைவாசிக்கேற்ப 500 டாலர் படிகளில் உயர்கிறது.

லோசாப் தவிர, ஆண்டு முழுவதும் சேவையில் இருந்த நியூயார்க்வாசிக்கு ஐடி-245 படிவம் மூலம் மாநில வருமான வரியில் 200 டாலர் கிடைக்கும். 2022 டிசம்பர் சட்டத்தின்படி, ஊர் ஏற்றுக்கொண்டிருந்தால், வீட்டின் மதிப்பில் 10 சதவீதம் வரை சொத்து வரி விலக்கும் உண்டு. இரண்டையும் சேர்த்து வாங்க முடியாது. விலக்கால் மிச்சமாகும் வரி 200 டாலரைத் தாண்டுகிறதா என்று ரசீதைப் பார்த்துக் கணக்கிட்டு, அதற்குப் பிறகு விண்ணப்பியுங்கள்.

வண்டிக்கும் கருவிக்கும் நிலையம் கூட்டாட்சியின் ஏஎஃப்ஜி (தீயணைப்பு வீரர் உதவி) மானியம் கேட்கலாம். மக்கள்தொகை 20,000 வரை என்றால் மானியத்தில் 5 சதவீதத்தை ஊர் போட வேண்டும், அதற்கு மேல் 10 லட்சம் வரை 10 சதவீதம். ஆள் சேர்க்கவும் தக்கவைக்கவும் சேஃபர் மானியம் இருக்கிறது. இரண்டுக்கும் சாம் (SAM.gov) என்ற கூட்டாட்சிப் பதிவுத் தளத்தில் பதிவு உயிரோடு இருக்க வேண்டும். அது ஆண்டுக்கொரு முறை காலாவதியாகும், புதுப்பிக்க வாரக்கணக்கில் இழுக்கலாம். அறிவிப்பு வரும்வரை காத்திருக்காமல் முன்கூட்டியே புதுப்பித்துவிடுங்கள்.