இறுக்கு, இறக்கு: கடலோரக் கோடை முகாமில் ரோப்ஸ் கோர்ஸ் நடத்துவது எப்படி

கோடை முகாமில் ரோப்ஸ் கோர்ஸ், அதாவது மரங்களுக்கு நடுவே கட்டிய கயிற்றுப் பாலங்களில் ஏறி நடக்கிற பயிற்சி, இருக்கிறது என்று சொன்னதும் பெற்றோர் கேட்கிற முதல் கேள்வி "எத்தனை அடி உயரம்?" என்பதுதான். ராமநாதபுரம் மாவட்டத்தில் உச்சிப்புளிப் பக்கம் ஒரு தோப்பில் சில கோடைகளாக இதை நடத்துகிறோம், நாங்கள் கட்டுவதில் முக்கால்வாசி முழங்கால் உயரம். உயரமாக ஒன்றே ஒன்று கட்டுவோம், அதுவும் காற்று ஒத்துழைத்தால். முதல் வருஷம் எனக்கும் உயரத்தின் மேல்தான் ஆசை இருந்தது, மலைப்பகுதி முகாம் ஒன்றில் கற்றுக்கொண்டதை அப்படியே இங்கே கொண்டுவந்து கட்டினேன். உப்பும் மணலும் காற்றும் சேர்ந்து ஒரே மாதத்தில் எனக்குப் பாடம் எடுத்துவிட்டன. இந்தக் கரையில் புதிதாக ஆரம்பிக்கிறவர்களுக்கு அது உதவும் என்றுதான் எழுதுகிறேன்.

எங்கே கட்டுவது

கடற்கரை மணலில் வேண்டாம். உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை கடலோர ஒழுங்குமுறை மண்டலம், அங்கே கம்பம் நட்டு நிரந்தரமாக எதையும் கட்ட நினைக்காதீர்கள். மன்னார் வளைகுடாத் தீவுகள் 21-ம் தேசியப் பூங்கா, அனுமதி இல்லாமல் காலே வைக்க முடியாது. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும், ராவணன் மீசையும் அடம்பன் கொடியும் படர்ந்த மணல்மேட்டில் முப்பது பிள்ளைகள் ஒரு வாரம் மிதித்தால் அந்த மேடு போச்சு. 'அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு' என்று பழமொழி சொல்லிக் கொடுத்துவிட்டு அந்தக் கொடியையே மிதித்து நாசம் பண்ணுவது என்ன நியாயம்? உள்ளே தள்ளி ஒரு தோப்பைப் பாருங்கள்.

மரம் தேர்ந்தெடுப்பதில் அவசரம் கூடாது. வேம்பு, புளி, பூவரசு நல்லவை, குறுக்களவு ஒரு அடிக்குக் குறையக் கூடாது. சவுக்கு நேராக வளர்ந்து ஆசை காட்டும், இளசாக இருந்தால் ஒடியும். சீமைக் கருவேலத்தில் எதையும் கட்டாதீர்கள், சுற்றி இருப்பதையும் வெட்டி முள்ளைப் பொறுக்கிவிடுங்கள், ஏனென்றால் பிள்ளைகள் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓடுவார்கள்.

பனை கட்டுவதற்கு உறுதியான மரம்தான். ஆனால் அதில் ஆணி, போல்ட் எதுவும் அடிக்காதீர்கள், பனைக்கு ஏற்பட்ட காயம் மற்ற மரங்களைப் போல மூடி வளராது. சாக்கைச் சுற்றி அதன்மேல் பட்டையான ஸ்லிங் (வலுவான நாடா வளையம்) போட்டுக் கட்டுங்கள். அப்புறம் மேலே பாருங்கள். ஏப்ரல், மே நுங்குக் காலம், குலை தலைக்கு மேலே தொங்கும். காய்ந்த காவோலை எப்போது விழும் என்று அதற்கே தெரியாது. முகாமுக்கு ஒரு வாரம் முன்னால் பனையேறி ஒருவரை அழைத்து காவோலையைக் கழித்து, குலையை இறக்கி, கதண்டுக் குளவிக் கூடு இருக்கிறதா என்று பார்த்துவிடச் சொல்லுங்கள். அவர் ஏறுகிறபோது பிள்ளைகள் யாராவது இருந்தால் கூப்பிட்டுக் காட்டுங்கள். ஏறுவதற்கு முன் தளைநாரைக் காலில் மாட்டி இரண்டு தடவை இழுத்துப் பார்ப்பார். ஹார்னஸ் (இடுப்பிலும் தொடையிலும் மாட்டுகிற பாதுகாப்புப் பட்டை) சோதனை பற்றி நான் அரைமணி நேரம் பேசுவதைவிட அது நன்றாகப் பதியும்.

தொய்வு

விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். முகாம் நடக்கிற நாட்களும் அவைதான், அதனால் கயிறு தெரிந்த கைகள் ஊரில் சும்மா இருக்கும். முதல் வருஷம் வலை பின்னுகிற பெரியவர் ஒருவரை முடிச்சு சொல்லித்தரக் கூப்பிட்டிருந்தேன். அவர் வந்ததும் நான் வீணைத் தந்தி மாதிரி இழுத்துக் கட்டியிருந்த பாலத்தைக் கையால் ஒரு தட்டு தட்டிப் பார்த்தார்.

"ஏப்பா, நங்கூரக் கயித்த இப்படியா கட்டுவ? அலை ஒரு உலுக்கு உலுக்குனா புடுங்கிட்டு வந்துரும். கொஞ்சம் தொங்க விடு."

அன்று ராத்திரி உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். பத்து மீட்டர் இடைவெளி, நடுவில் 60 கிலோ ஆள் நிற்கிறார். கயிறு ஒரு மீட்டர் தொய்ந்தால் ஒவ்வொரு மரத்துக்கும் சுமார் 150 கிலோ இழுப்பு வரும். அதே கயிறு 30 செ.மீ. மட்டும் தொய்ந்தால் 500 கிலோ. ஆள் அதே ஆள்தான், சும்மா நிற்கிறார், அவ்வளவுதான். ஒரு பையன் குதித்தால் இன்னும் ஏறும். முடிச்சு போட்ட இடத்தில் கயிற்றின் பலம் ஏற்கெனவே கால்பங்கு குறைந்திருக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால் ஒரு மீட்டர் தொய்வு விட்டால் தாழ்வான பாலம் தரையைத் தொட்டுவிடுமே? அதனால் இடைவெளியைக் குறைக்க வேண்டும். நாலு மீட்டரில் 40 செ.மீ. தொய்வு விட்டாலும் அதே 150 கிலோ கணக்குதான் வரும், மரத்தில் இடுப்புக்குக் கொஞ்சம் கீழே கட்டினால் நடுவில் முழங்கால் அளவுக்கு வந்துவிடும். கட்டி முடித்ததும் பெரியவர்கள் மூன்று பேர் சேர்ந்து ஏறி ஆடிப் பாருங்கள், மரத்தடியில் மண் அசைகிறதா என்று ஒருவர் குனிந்து கவனிக்கட்டும். மணல் பூமி, அசைந்தால் வேறு மரம்.

உப்பு, மணல், தண்ணீர்

இரண்டாவது கோடையில் ஒரு பையன் உயரப் பாலத்திலிருந்து இறங்கி வந்து நிற்கிறான், ஹார்னஸையும் கயிற்றையும் கோர்க்கிற உலோகக் கொக்கியான கேரபினரின் திருகு திறக்கவில்லை. உப்பு பூத்து இறுகிவிட்டது. நானும் இன்னொருவரும் மாறி மாறித் திருகிப் பார்த்து, கடைசியில் ஹார்னஸைக் கழற்றித்தான் அவனை வெளியே எடுத்தோம். அவனுக்கு ஒரே சிரிப்பு, எனக்கு வயிறு கலங்கிவிட்டது. அவன் மேலே தொங்கிக்கொண்டிருந்த நேரத்தில் இது நடந்திருந்தால்? ஹார்னஸில் அசையாமல் தொங்கினால் காலிலேயே ரத்தம் தேங்கி ஆள் மயங்கலாம். மேலே மாட்டிக்கொண்டவரை நிமிடக் கணக்கில் இறக்க வேண்டும், அதற்கு ஆளும் தனிக் கயிறும் தயாராக இல்லை என்றால் உயரமான எதையும் திறக்காதீர்கள்.

அதிலிருந்து தினமும் சாயங்காலம் கேரபினர்களை நல்ல தண்ணீரில் அலசி, துடைத்து, நிழலில் ஆற விட்டு, கீலில் ஒரு சொட்டு எண்ணெய் விடுகிறோம். நல்ல தண்ணீர் என்று சுலபமாக எழுதிவிட்டேன். மாற்றல் உத்தரவு வந்தால் அதிகாரிகளே 'தண்ணியில்லாக் காடு' என்று புலம்புகிற மாவட்டம் இது, ஆழ்குழாயில் பெரும்பாலும் உவர்ப்புதான் வரும். உவர் தண்ணீரில் கழுவுவதும் கழுவாமல் விடுவதும் ஒன்றுதான். குடிக்கிற தண்ணீர் இரண்டு வாளி ஒதுக்குங்கள், முதல் வாளியில் அலசல், இரண்டாவதில் முக்கி எடுப்பது, மிச்சத்தை முருங்கைக்கு ஊற்றலாம்.

கயிற்றை மணலில் போடவே கூடாது. மணல் துகள் மேலுறைக்குள் புகுந்து உள்ளே இருக்கிற இழையை அறுக்கும், வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. தார்ப்பாய் விரித்து அதன்மேல்தான் போட வேண்டும், தார்ப்பாயை யாரும் மிதிக்கக் கூடாது. ஆள் எடையைத் தாங்குகிற கயிறு ஏறும் வேலைக்கென்று தரச்சான்றுடன் வருகிற நைலான் கயிறாக இருக்கட்டும். படகுக்கு வாங்குகிற பச்சை, நீலப் பிளாஸ்டிக் கயிறு எல்லைக்கோடு கட்டவும் துணி காயப்போடவும் மட்டும். விலை குறைவு என்று யாராவது ஆசை காட்டுவார்கள், மசியாதீர்கள். நைலான் மேல் நைலான் ஓடினால் சூட்டில் உருகும், அதனால் ஓடுகிற கயிறு எப்போதும் கேரபினர் வழியாகத்தான் போக வேண்டும்.

மாட்டுவதும் கூவுவதும்

ஹார்னஸ் இடுப்பெலும்புக்கு மேலே உட்கார வேண்டும், பெல்ட்டுக்குள் இரண்டு விரல் தட்டையாக நுழையலாம், முஷ்டி நுழையக் கூடாது. வெளியூர்க் கையேடுகளில் இல்லாத ஒன்று, அரைஞாண். வெள்ளி அரைஞாண் போட்டிருக்கிற பையன் ஹார்னஸில் உட்கார்ந்தால் அது சதையில் பதிந்துவிடும், வெட்கப்பட்டு சொல்லவும் மாட்டான். முந்தின நாளே எல்லோரிடமும் பொதுவாகச் சொல்லிவிடுங்கள். கொலுசு, துப்பட்டா, தொங்குகிற பின்னல் எல்லாவற்றையும் அப்போதே சேர்த்துச் சொல்லலாம். பெண் பிள்ளைகளுக்கு மாட்டிச் சரிபார்க்கப் பெண் பயிற்சியாளர் வேண்டும், "இந்தப் பட்டையை இழுக்கப்போறேன், சரியா?" என்று கேட்டுவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். ஒருவர் மாட்டியதை இன்னொருவர் பார்க்க வேண்டும். ஏறுகிறவர், கீழே பிலே பிடிக்கிறவர் (ஏறுகிறவரின் பாதுகாப்புக் கயிற்றைப் பிடித்திருப்பவர்) இருவரையும் பாருங்கள், பிலே பிடிக்கிறவரின் கேரபினரைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள்.

இனி குரல். தமிழில் கட்டளை வைத்தால் பிள்ளைகளுக்குச் சுலபம் என்று "இறுக்கு", "இறக்கு" என்று வைத்தோம். காற்றில் இரண்டும் ஒன்றாகத்தான் கேட்கும்! மேலே இருந்தவள் இறுக்கச் சொல்கிறாள், கீழே இருந்தவன் இறக்கிக்கொண்டே இருக்கிறான். இப்போது "டைட்", "கீழே" என்று வைத்திருக்கிறோம், எழுத்து வித்தியாசம் காதுக்கு நன்றாகத் தெரிகிறது. "விடு" என்ற வார்த்தைக்குக் களத்தில் முழுத் தடை, கிண்டலுக்குக்கூடக் கூடாது. "ஏறட்டுமா?" என்று மேலே போகிறவர் கேட்டு, "பிடிச்சிருக்கேன், ஏறு" என்று பெயரோடு பதில் வந்த பிறகுதான் கால் தரையை விட வேண்டும்.

தாழ்வான பாலத்துக்கு ஹார்னஸ் கிடையாது, பக்கத்துக்கு இரண்டு பேர் கூடவே நடப்பார்கள். ஒரு கால் முன்னே, முழங்கால் மடங்கி, கைகள் மேலே, கண் நடக்கிறவரின் முதுகில். விழுந்தால் தூக்கிப் பிடிக்க வேண்டியதில்லை, தலையும் முதுகும் தரையில் மோதாமல் தாங்கினால் போதும். இதை வெறும் தரையில் ஒரு மணி நேரம் பழக்காமல் யாரையும் கயிற்றில் ஏற்றாதீர்கள். பழக்கும்போது அரட்டை அடிக்கிற பையன் நிஜத்திலும் அரட்டைதான் அடிப்பான்.

ஏறாத பிள்ளை

ஏற வேண்டுமா, எவ்வளவு தூரம் என்பதைப் பிள்ளையே முடிவு செய்யட்டும் என்ற வழக்கம் 1971-ல் அமெரிக்காவில் தொடங்கிய பிராஜெக்ட் அட்வென்ச்சர் வழியாகப் பரவியது. நம் ஊரில் இதைச் செய்வது கஷ்டம், சுற்றி நிற்கிற இருபது பேரும் "ஏறு, ஏறு, ஒண்ணும் ஆகாது" என்று கத்துவார்கள், அன்பில்தான். முதல் நாளே சொல்லிவிடுங்கள், கேட்டால் மட்டும் குரல் கொடுக்கலாம்.

கீழக்கரையிலிருந்து வந்த ஒரு சிறுமி, "காக்கா, நான் ஏற மாட்டேன்" என்று முதல் நாளே முடித்துவிட்டாள் (அவள் ஊரில் காக்கா என்றால் அண்ணன்). சரி, முடிச்சு சரிபார்க்கிற வேலை உன்னுது என்று கொடுத்தேன். ஐந்து நாளும் எட்டு முடிச்சின் இரண்டு இழையும் ஒன்றையொன்று தாண்டாமல் படிந்திருக்கிறதா என்று விரலால் தடவித் தடவிப் பார்த்தாள், மூன்று முடிச்சைத் திருப்பி அனுப்பினாள், அதில் ஒன்று நான் போட்டது. கடைசி நாளும் ஏறவில்லை. கூட்டிப்போக வந்த அவள் அம்மா, "ஏறவே இல்லையாமே, அப்புறம் எதுக்குக் காசு?" என்றார். பதில் சொல்ல எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது, அதற்குள் அவள் அம்மாவின் துப்பட்டா நுனியிலேயே ஒரு எட்டு முடிச்சு போட்டுவிட்டாள்.

முடிந்ததும் வட்டமாக உட்கார்ந்து பேசுவதை விட்டுவிடாதீர்கள். "எப்படி இருந்துச்சு?" என்று கேட்டால் "நல்லா இருந்துச்சு" என்று ஒரே குரலில் வரும், அதோடு சரி. "பாலத்துல நீ நின்னுட்டப்போ முதல்ல யார் குரல் கேட்டுச்சு?" என்று கேட்டுப் பாருங்கள்.

வெயில், காற்று, இடி

காலை ஆறு முதல் ஒன்பது, மாலை நாலரை முதல் ஆறு, கயிற்று வேலை அவ்வளவுதான். நடுப்பகலில் கேரபினரைத் தொட்டால் கை சுடும். அந்த நேரத்துக்கு நிழலில் முடிச்சு, மோர், நுங்கு. மே கடைசியில் காற்று வலுக்கும், தென்னங்கீற்று எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்து நிற்கிற அன்று உயரப் பாலத்தைத் திறக்க மாட்டோம். கோடை இடி மாலையில் வரும். மின்னலுக்கும் இடிக்கும் நடுவே முப்பது எண்ண முடியவில்லை என்றால் எல்லோரும் இறங்கி, மரத்தடியை விட்டுக் கட்டடத்துக்குள் போக வேண்டும், கடைசி இடி கேட்டு அரைமணி நேரம் கழித்துத்தான் திரும்ப வரலாம். 108-க்கு வழி சொல்லப் பழகிய ஒருவர் எப்போதும் களத்தில் இருக்கட்டும், தோப்புப் பாதையை போனில் விளக்குவது தனி வித்தை.

ஒவ்வொரு கயிற்றுக்கும் ஒரு நோட்டுப் பக்கம்: வாங்கிய தேதி, எத்தனை நாள் ஓடியது, யார் தடவிப் பார்த்தார். வெளுத்துப்போனால், ஓரிடத்தில் மட்டும் மெத்தென்று இருந்தால், உறை கிழிந்தால், அன்றோடு அதற்கு ஓய்வு. பக்கத்துத் தோப்பு அண்ணாச்சி ஆடு கட்ட வேண்டும் என்று பழைய கயிற்றைக் கேட்டுக்கொண்டே இருப்பார். இரண்டு மீட்டர் துண்டுகளாக வெட்டித்தான் கொடுப்போம், முழுசாகக் கொடுத்தால் அடுத்த வாரம் அவர் பேரன் அதில் ஊஞ்சல் கட்டிவிடுவான்.