தார ஸ்தாயியில் தொண்டை இறுகுவது ஏன்?

தார ஷட்ஜத்தை, அதாவது மேல் ஸ்தாயியின் ‘ஸ’வைத் தொடப் போகிறவரின் கழுத்தைக் கவனித்துப் பாருங்கள். தைவதம் (‘த’) தாண்டும்போதே மோவாய் மேலே எழும்பும், புருவம் ஏறும், கழுத்து நரம்பு புடைக்கும். சுரம் உயரத்தில் இருக்கிறது, எட்டிப் பிடிக்க வேண்டும் என்று உடம்பு நினைத்துக்கொள்கிறது. தொண்டைக்குள் அப்படி ஏணி எதுவும் இல்லை. குரல்நாண்கள் நீண்டு, மெலிந்து, வேகமாக அதிர்ந்தால் சுரம் உயரும். ஐந்து கட்டை சுருதியில் (கட்டை என்பது ஆதார ‘ஸ’வின் உயரத்தைக் குறிக்கும் அளவு) பாடும் பெண்ணுக்கு மத்திய ஷட்ஜத்தில், அதாவது நடு ஸ்தாயியின் ‘ஸ’வில், அவை நொடிக்கு ஏறத்தாழ 196 முறை அதிர்கின்றன. தார ஷட்ஜத்தில் 392 முறை. மோவாயைத் தூக்கினால் குரல்வளையும் கூடவே ஏறி இறுகிக்கொள்கிறது. சுவரில் முதுகையும் பின்தலையையும் சாய்த்து உட்கார்ந்து பாடினால் இந்தப் பழக்கம் உடனே பிடிபடும்.

இதைவிடப் பெரிய தவறு, மூச்சை முட்டித் தள்ளுவது. கீழே தடித்து அதிர்ந்த நாண்களை அதே தடிப்போடு மேலே இழுத்துக்கொண்டு போகிறோம். மெலிய வேண்டிய நாண்கள், வரும் காற்றைத் தாங்குவதற்காக ஒன்றையொன்று இறுக்கிப் பிடிக்கின்றன. பாட்டு கூச்சலாகிறது, அல்லது குரல் பட்டென்று பிசிறி கள்ளக்குரலுக்கு, அதாவது மெல்லிய பொய்க்குரலுக்கு, வழுக்கிவிடுகிறது. மேலே போய்ச் சரிசெய்ய இதில் ஒன்றுமில்லை. பஞ்சமத்திலேயே (‘ப’) பாரத்தைக் குறைக்கத் தொடங்க வேண்டும். குழந்தைகள் கார் ஓட்டி விளையாடும்போது உதட்டைப் படபடவென்று அடித்து ஒலி எழுப்புவார்களே, அதே ஒலியில் சரளி வரிசையை, அதாவது தொடக்கச் சுரப் பயிற்சியை, ஏறி இறங்கிப் பாருங்கள். காற்றை அதிகம் தள்ளினாலும் உதட்டை இறுக்கினாலும் படபடப்பு நின்றுவிடும். சரியான அளவு எது என்பதை உதடே சொல்லிவிடும். பிறகு அதே உணர்வோடு அகாரத்துக்கு (‘ஆ’ என்று பாடுவதற்கு) வாருங்கள்.

“அப்படிப் பாடினால் குரலில் கம்பீரம் போய்விடாதா?” என்ற பயம் எல்லோருக்கும் உண்டு. முதல் சில வாரங்கள் ஒலி சிறுத்துத்தான் கேட்கும். பொறுத்துக்கொள்ளுங்கள். கணீரென்ற தன்மை காற்றின் அளவால் வருவதில்லை. தொண்டையும் வாயும் சரியாகத் திறந்திருக்கும்போது, குரலில் நொடிக்கு 3,000 அதிர்வை ஒட்டிய மேல் ஒலிகள் வலுப்பெறுகின்றன. நம் காது மிகக் கூர்மையாக இருப்பதும் அந்தப் பகுதியில்தான். பயிற்சி பெற்ற குரல் கத்தாமலே மிருதங்கத்தைத் தாண்டி வருவதற்கு இது முக்கியமான காரணம்.

சுருதித் தேர்விலும் பிடிவாதம் கூடாது. 1933-இல் மறைந்த நாடக நடிகரும் பாடகருமான எஸ்.ஜி. கிட்டப்பாவின் பழைய இசைத்தட்டுகளைக் கேட்டுவிட்டு அந்த உயரத்துக்கு ஆசைப்படுவது இயல்பு. ஆனால் உங்கள் கட்டையை உங்கள் தொண்டைதான் தீர்மானிக்க வேண்டும். மந்திர பஞ்சமம் (கீழ் ஸ்தாயியின் ‘ப’) தெளிவாகவும், தார பஞ்சமம் (மேல் ஸ்தாயியின் ‘ப’) வலியில்லாமலும் பேசும் சுருதியே உங்களுடையது. அரைக் கட்டை இறக்குவதில் எந்தக் கௌரவக் குறைவும் இல்லை.

‘ஈ’ என்ற எழுத்தில் உயரச் சுரம் வரும்போது பல்லைக் கடித்துக்கொண்டு பாடுபவர்கள் பலர். தாடையைச் சற்றே இறக்கி, ஈகாரத்துக்குள் கொஞ்சம் எகாரத்தைக் கலந்துகொள்ளுங்கள், சாகித்தியம் கெடாது.

பையன்களுக்கு மகரக்கட்டு உடையும், அதாவது பருவ வயதில் குரல் மாறும், காலத்தில் பழைய சுருதியிலேயே பாடச் சொல்லி வற்புறுத்துவதைக் காணும்போது மனம் பதைக்கிறது. அந்த வயதில் குரல்வளையே வளர்ந்துகொண்டிருக்கிறது. சுருதியை இறக்கி, எட்டும் சுரங்களோடு நிறுத்திக்கொள்ளட்டும்.

பனங்கற்கண்டும் மிளகும் இதமளிக்கும், ஆனால் விழுங்குவது உணவுக்குழாய்க்குப் போகிறது. குரல்நாணைத் தொடுவதே இல்லை. நாள் முழுவதும் தண்ணீர் குடிப்பதுதான் நாண்களுக்கு ஈரம் தரும். அடிக்கடி கனைப்பதை விட்டுவிடுங்கள், அது நாண்களை ஒன்றோடொன்று மோதவைக்கிறது. வலித்தால் அன்றைய சாதகத்தை அங்கேயே நிறுத்துங்கள். கரகரப்பு மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தால் காது, மூக்கு, தொண்டை மருத்துவரிடம் குரல்நாணைக் காட்டிவிடுங்கள்.