வண்டி இழுக்கலையா, த்ராட்டில் சென்சார் வாங்குறதுக்கு முன்னாடி இத பாத்துடுங்க

ஆக்சிலேட்டர மிதிச்சா வண்டி இழுக்கல, செக் எஞ்சின் லைட் எரியுது, ஸ்கேனர் போட்டா த்ராட்டில் பொசிஷன் சென்சார்னு வருது (எஞ்சினுக்குள்ள காத்து போற வழிய மூடித் தெறக்குற த்ராட்டில் தட்டு எவ்ளோ தெறந்திருக்குன்னு ஈசியூவுக்கு, அதாவது எஞ்சின் கம்ப்யூட்டருக்கு சொல்றது), உடனே அந்த சென்சார மாத்திடறாங்க. கொஞ்ச நாள்ல அதே லைட் திரும்ப எரியுது. ஸ்கேனர் சொல்றது அந்த சர்க்யூட்ல கோளாறுன்னு மட்டும்தாங்க, சென்சாரா, ஒயரா, கனெக்டரா, எர்த்தான்னு அது சொல்லாது, அத நாமதான் பாத்துக்கணும். பெடலுக்கும் த்ராட்டிலுக்கும் நடுவுல கேபிள் இல்லாத, எலக்ட்ரானிக் த்ராட்டில் வெச்ச புது வண்டிங்கள்ல பலதுல சென்சார் தனியா கெடைக்காது, அந்த தட்டு இருக்குற முழு த்ராட்டில் பாடியும் மாத்தணும், ஆயிரக்கணக்குல செலவு. அதனாலதான் இவ்ளோ வற்புறுத்தி சொல்றேன்.

மொதல்ல பவர் எப்படி போவுதுன்னு கவனிங்க, பாதி விடை அதுலயே இருக்கு. ஹைவேஸ்ல நல்லா போய்க்கினு இருந்த வண்டி, பள்ளிகொண்டா டோல் தாண்டி ஒரு லாரிய ஓவர்டேக் பண்றப்ப திடீர்னு செத்துப்போன மாதிரி ஆயி, எவ்ளோ மிதிச்சாலும் ஆர்பிஎம் ஒரு அளவுக்கு மேல ஏறாம, ஓரமா நிறுத்தி ஆஃப் பண்ணி ஆன் பண்ணா சரியாயிடுச்சுன்னா அது லிம்ப் மோடு (கோளாறு தெரிஞ்சதும் ஈசியூவே பவர கொறச்சிடறது), த்ராட்டில் இல்லன்னா பெடல் சென்சார் பக்கம் சந்தேகப்படலாம். மிதிக்கிறதுல ஒரே ஒரு இடத்துல மட்டும் ஜெர்க் அடிக்குதுன்னாலும் அதே பக்கம்தான். ஆனா லைட்டே எரியாம ஏலகிரி மாதிரி மலை ஏறுறப்ப மட்டும் கொஞ்சம் கொஞ்சமா திணறுதுன்னா ஏர் ஃபில்டர், பியூயல் ஃபில்டர், பம்ப் பிரஷர் பாருங்க. ஆர்பிஎம் ஏறுது ஸ்பீடு ஏறலன்னா கிளட்ச். டீசல் வண்டில உஸ்ஸுன்னு சத்தமும் கருப்பு புகையும் வந்தா டர்போ ஹோஸ் கிழிஞ்சிருக்கான்னு பாக்காம வேற எதையும் தொடாதீங்க.

அடுத்தது பானட்ட தெறந்து கண்ணால பாக்குற வேலை. இத தயவு செஞ்சு யாரும் தாண்டிப் போவாதீங்க. நம்ம பக்கம் காட்பாடி, குடியாத்தம், ஆற்காடுன்னு எங்க பாத்தாலும் வீட்டு வாசல்லயும் தோப்போரமாவும்தான் வண்டி நிக்குது, எலி ராத்திரில உள்ள பூந்து ஒயர கடிச்சிடுது. மேல டேப் சுத்துன இடம் நல்லாதான் தெரியும், கீழ்ப்பக்கம் செம்பு பளபளன்னு வெளிய தெரிஞ்சிக்கினு இருக்கும், அதனால கைய உட்டு ஒயர் முழுசா தடவிப் பாருங்க. கீய ஆஃப் பண்ணிட்டு கனெக்டர கழட்டி உள்ள பச்சை புடிச்சிருக்கா, பின் வளைஞ்சிருக்கான்னு டார்ச் அடிச்சுப் பாருங்க. வாட்டர் சர்வீஸ் பண்ண மறுநாள் லைட் வந்துச்சுன்னா அதுல தண்ணி பூந்திருக்க வாய்ப்பு அதிகம்.

இப்ப ஸ்கேனர். வண்டியோட ஓபிடி சாக்கெட்ல (எரர் படிக்கிற சாக்கெட்) மாட்டி போன்ல கனெக்ட் ஆவுற புளூடூத் அடாப்டரே போதும். வர்ற எரர் கோடு பி 0122ன்னா சிக்னல் ரொம்ப கம்மியா வருது, பி 0123ன்னா ரொம்ப அதிகமா வருது, பி 0121ன்னா வர்ற அளவு மத்த சென்சாருங்களோட ஒத்துப்போவல. பி 2135ன்னா த்ராட்டில் பாடிக்குள்ள இருக்குற சென்சாரோட ரெண்டு சிக்னலும் ஒண்ணுக்கொண்ணு பொருந்தல. இங்கதான் ஒரு குழப்பம் நடக்குது, பி 2138ன்னு வந்தா அது உங்க கால்கிட்ட இருக்குற ஆக்சிலேட்டர் பெடல் சென்சார், ஒரு நம்பர் மாத்திப் படிச்சுட்டு த்ராட்டில் பாடிய கழட்டிக்கினு உக்காந்துடாதீங்க. எஞ்சின் ஓடாம கீ மட்டும் ஆன்ல வெச்சு, லைவ் டேட்டால த்ராட்டில் அளவ கிராஃபா போட்டுட்டு பெடல மெதுவா முழுசா மிதிச்சு மெதுவா உடுங்க. கோடு ஒரே சீரா ஏறி எறங்கணும். மூடியிருக்கும்போது பல வண்டில 0 காட்டாம 10, 15 சதவீதம் காட்டும், முழுசா தெறந்தாலும் 100 வராது, அதப் பாத்து பயந்துடாதீங்க.

கிராஃப்ல சந்தேகம் வந்தா மல்டிமீட்டர எடுங்க. கேபிள் வெச்ச பழைய பெட்ரோல் வண்டில சென்சாருக்கு பெரும்பாலும் மூணு ஒயர்: ஒண்ணுல 5 வோல்ட் வரணும், ஒண்ணு எர்த், ஒண்ணு சிக்னல். கனெக்டர் மாட்டுனபடியே பின்பக்கமா மெல்லிசான ஊசிய உட்டு அளக்கணும், ஒயர குத்தி ஓட்ட போடாதீங்க, மழைக்காலத்துல அந்த ஓட்டையிலதான் துரு புடிக்கும். த்ராட்டில் மூடியிருக்கறப்ப சிக்னல் 0.5 வோல்ட் சுமாரா இருக்கும், தெறக்கத் தெறக்க 4.5 வோல்ட் பக்கம் போவும். நடுவுல எங்கயாவது டபக்குன்னு விழுந்து எழுந்துச்சுன்னா சென்சாருக்குள்ள கான்டாக்ட் உரசிப் போற ட்ராக் தேஞ்சிடுச்சு, அதிகம் தேயுறது நம்ம தினமும் ஓட்டுற அந்த லேசா மிதிச்ச இடந்தான், அங்க ரொம்ப மெதுவா நகத்திப் பாருங்க. முள் மீட்டர் இருந்தா இன்னும் நல்லது, டிஜிட்டல்ல தவறிப்போற ஆட்டம் முள்ளுல தெரியும். அளக்கறப்பவே இன்னொருத்தர ஒயர லேசா ஆட்டச் சொல்லுங்க, நம்பர் ஆடுச்சுன்னா சென்சார் நல்லாருக்கு, ஒயர்லதான் வியாதி.

5 வோல்ட்டே வரலன்னாலும் உடனே ஈசியூ போச்சுன்னு முடிவு கட்டாதீங்க. பல வண்டில அதே 5 வோல்ட் லைன்ல மேப் சென்சார் (எஞ்சினுக்கு போற காத்தோட அழுத்தத்த அளக்குறது), ஏசி பிரஷர் சென்சார்னு வேற சிலதும் இருக்கும், அதுல ஒண்ணு ஷார்ட் ஆனா எல்லாமே படுத்துடும். ஒண்ணொண்ணா கழட்டிக்கினே வாங்க, எத கழட்டுனப்ப 5 வோல்ட் திரும்பி வருதோ அதுதான் குற்றவாளி.

எலக்ட்ரானிக் த்ராட்டில்ல ஒரு விஷயம் கண்டிப்பா மனசுல வெச்சுக்கோங்க: கீ ஆன்ல இருக்கறப்ப அந்த தட்டுக்குள்ள விரல விடவே கூடாது. மோட்டார் சட்டுனு மூடினா விரல் போயிடும், கையால தள்ளுனா உள்ள பல்சக்கரமும் கெடும். அதுல ரெண்டு சிக்னல் வரும், பல வண்டில ஒண்ணு ஏறுறப்ப இன்னொண்ணு எறங்கும், ரெண்டையும் கூட்டுனா எப்பவும் 5 வோல்ட் பக்கமே நிக்கும்.

கரி புடிச்சிருந்தா பேட்டரி ஒயர எடுத்துட்டு, த்ராட்டில் பாடி கிளீனர துணியில அடிச்சு தொடைங்க, நேரா பீச்சி அடிச்சா சென்சாருக்குள்ள போயிடும். கிளீன் பண்ணப்பறம் ஐடிலிங் ஏறி எறங்குனா பயப்பட வேணாம், ஈசியூ புது அளவ கத்துக்கணும், சிலதுக்கு ஸ்கேனர்ல ரீலேர்ன் குடுக்கணும், முறை வண்டிக்கு வண்டி மாறும். அப்பறம் எரர அழிச்சுட்டு டவுனுக்குள்ள கொஞ்சம், ஹைவேஸ்ல கொஞ்சம் ஓட்டிட்டு வந்து பெண்டிங் கோடு (இன்னும் உறுதியாகாத எரர்) இருக்கான்னு திரும்ப பாருங்க. ஒயர் நல்லாருந்து, 5 வோல்ட்டும் எர்த்தும் சரியா இருந்து, அப்பவும் அதே கோடு வந்துச்சுன்னா பழைய பார்ட் மேல இருக்குற நம்பர போட்டோ எடுத்துக்கினு போய் அதே நம்பர்ல புதுசு வாங்குங்க.