டிஸ்னி வேர்ல்டில் அறை எடுக்கும் முன் தூரத்தை எண்ணிப் பாருங்கள்

ஃப்ளோரிடாவில் இருக்கும் வால்ட் டிஸ்னி வேர்ல்டுக்குப் பிள்ளைகளோடு போகத் திட்டம் போடுகிறவர்கள் முதலில் கேட்பது எந்த ரிசார்ட் அழகாக இருக்கும் என்றுதான். நான் திருப்பி ஒரே ஒரு கேள்வி கேட்பேன். மத்தியானம் 2 மணிக்கு, வெயிலில் அழுது களைத்துத் தூங்கிப்போன குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, பார்க் வாசலிலிருந்து உங்கள் அறைக் கட்டில் வரைக்கும் எப்படிப் போவீர்கள்? எதில் ஏறுவீர்கள், எங்கே இறங்குவீர்கள், இறங்கிய பிறகு எவ்வளவு தூரம் நடப்பீர்கள்? இதற்குப் பதில் சொல்ல முடிந்தால் பாதி முடிவு எடுத்த மாதிரி.

இடத்தின் அளவு முதலில் மனதில் பதிய வேண்டும். மொத்தம் ஏறக்குறைய 40 சதுர மைல், ஒரு நகரத்தின் அளவு. அதற்குள் நான்கு தீம் பார்க்குகள்: 1971இல் மேஜிக் கிங்டம், 1982இல் எப்காட், 1989இல் ஹாலிவுட் ஸ்டூடியோஸ், 1998இல் அனிமல் கிங்டம். எப்காட்டும் ஹாலிவுட் ஸ்டூடியோஸும் ஓரளவு பக்கத்தில் இருக்கின்றன, மற்ற இரண்டும் தள்ளித் தள்ளி இருக்கின்றன. ஆகவே நான்குக்கும் பக்கத்தில் என்று ஒரு ரிசார்ட் கிடையாது. எந்த பார்க்குக்கு இரண்டு நாள் போவோம், எதற்கு ஒரு நாள் போதும், எதை விட்டுவிடலாம் என்று வீட்டில் பேசி முடித்துவிட்டு அப்புறம் ரிசார்ட் பட்டியலைத் திறந்தால் குழப்பம் பாதியாகக் குறையும்.

சின்னப் பிள்ளைகள் இருந்தால் அந்த இரண்டு நாள் பெரும்பாலும் மேஜிக் கிங்டமாகத்தான் இருக்கும். அதற்கு மோனோரயில் பாதையில் மூன்று ரிசார்ட்டுகள் உண்டு: கன்டெம்பரரி, பாலினீசியன், கிராண்ட் ஃப்ளோரிடியன். கன்டெம்பரரியில் மோனோரயில் கட்டடத்துக்குள்ளேயே வந்து நிற்கும், நடந்து போனாலும் 10 நிமிடம்தான். கிராண்ட் ஃப்ளோரிடியனிலிருந்தும் 2020 முதல் நடைபாதை இருக்கிறது. நடந்து போக முடிவது பெரிய வரம், ஏனென்றால் ராத்திரி வாணவேடிக்கை முடிந்ததும் ஆயிரக்கணக்கானோர் ஒரே நேரத்தில் மோனோரயிலுக்கும் பஸ்ஸுக்கும் வரிசை கட்டுவார்கள், நீங்கள் அந்தக் கூட்டத்தைத் தாண்டி ஸ்ட்ரோலரைத் தள்ளிக்கொண்டு போய்க்கொண்டே இருக்கலாம். ஆனால் மூன்றுமே டீலக்ஸ் வகை, வாடகை நிறைய. கன்டெம்பரரியில் கொஞ்சம் குறைவான வாடகைக்கு கார்டன் விங் என்று ஓர் அறை வகை வரும், அது மோனோரயில் வந்து நிற்கும் உயரமான முக்கியக் கட்டடத்துக்குள் இல்லை, பக்கத்தில் தனிக் கட்டடம். லிஃப்டில் ஏறி நேரே மோனோரயிலில் உட்காரும் வசதி அங்கே கிடைக்காது, நடந்து போகும் வசதி கிடைக்கும். எனக்கு முக்கியம் அந்த நடைதான் என்பதால் கார்டன் விங்கை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். வில்டர்னஸ் லாட்ஜிலிருந்து மேஜிக் கிங்டமுக்குப் படகு போகிறது, மற்ற பார்க்குகளுக்கு பஸ்தான்.

எப்காட், ஹாலிவுட் ஸ்டூடியோஸ் என்றால் கணக்கு மாறும். பீச் கிளப், யாட் கிளப், போர்ட்வாக், ஸ்வான், டால்ஃபின் எல்லாம் எப்காட்டின் பின்வாசலுக்கு நடக்கும் தூரத்தில் இருக்கின்றன, இவற்றில் பீச் கிளப்தான் அந்த வாசலுக்கு மிக நெருக்கம். ஹாலிவுட் ஸ்டூடியோஸுக்கும் இங்கிருந்து நடைபாதையும் படகும் உண்டு. மத்தியானத் தூக்கம் தேவைப்படும் குழந்தையோடு போகிறவர்களுக்கு இந்தப் பக்கம் மிகவும் வசதி, பதின்வயதுப் பிள்ளைகள் தனியாகப் போய்வருவதற்கும் வசதி.

அவ்வளவு செலவு வேண்டாம் என்பவர்களுக்கு 2019இல் வந்த ஸ்கைலைனர் கேபிள் கார் நல்ல வழி. காரிபியன் பீச், ரிவியேரா, பாப் செஞ்சுரி, ஆர்ட் ஆஃப் அனிமேஷன் ஆகிய நான்கையும் அது எப்காட்டோடும் ஹாலிவுட் ஸ்டூடியோஸோடும் இணைக்கிறது. பாப் செஞ்சுரியும் ஆர்ட் ஆஃப் அனிமேஷனும் வேல்யூ வகை, அதாவது இருப்பதிலேயே வாடகை குறைந்த வகை, ஆனால் ஸ்டேஷன் இரண்டுக்கும் நடுவில் ஏரிமேல் இருக்கிறது. வேல்யூ விலைக்கு இந்த வசதி கிடைப்பதால்தான் யார் கேட்டாலும் பாப் செஞ்சுரியை முதலில் பாருங்கள் என்கிறேன். ஒன்றை நினைவில் வையுங்கள், மின்னல் வந்தாலோ காற்று பலமாக வீசினாலோ ஸ்கைலைனரை நிறுத்திவிடுவார்கள். ஃப்ளோரிடாவில் கோடை மத்தியானங்களில் இடிமழை சர்வசாதாரணம், அப்போது பஸ்ஸுக்குத்தான் போக வேண்டும். மேஜிக் கிங்டமுக்கும் அனிமல் கிங்டமுக்கும் ஸ்கைலைனர் போகாது, அதற்கும் பஸ்தான்.

பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள். அனிமல் கிங்டம் லாட்ஜ் என்ற பெயரைக் கேட்டதும் அனிமல் கிங்டமுக்கு நடந்து போய்விடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். முடியாது, அந்த பார்க்குக்கே பஸ் பிடிக்க வேண்டும், மற்ற மூன்றுக்கும் பஸ்ஸைத் தவிர வேறு வழி இல்லை. ஜன்னலைத் திறந்தால் ஒட்டகச்சிவிங்கி நிற்பதைப் பார்க்கத்தான் அங்கே போகிறார்கள், அது அருமையான அனுபவம், ஆனால் அதற்காகத் தங்குகிறோம் என்று தெரிந்து தங்க வேண்டும். பெரும்பாலும் பார்க்கிலேயே இருக்கப்போகிற குடும்பத்துக்கு அந்தப் பணம் வீண்.

சரி, ரிசார்ட் முடிவாகிவிட்டது. நிறையப் பேர் இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். எனக்கு இதற்கு அடுத்ததுதான் முக்கியம்: ரிசார்ட்டுக்குள் உங்கள் அறை எங்கே இருக்கிறது? இவை ஒரே கட்டட ஹோட்டல்கள் இல்லை. காரிபியன் பீச், கொரோனாடோ ஸ்பிரிங்ஸ், போர்ட் ஆர்லியன்ஸ் ரிவர்சைட் போன்ற மாடரேட் ரிசார்ட்டுகள், அதாவது வேல்யூவுக்கும் டீலக்ஸுக்கும் நடுவில் வரும் வகை, நீரைச் சுற்றிப் பரந்து கிடப்பவை, உள்ளேயே பல பஸ் நிறுத்தங்கள் இருக்கும், உங்கள் நிறுத்தம் முதலாவதா கடைசியா என்பதைப் பொறுத்து ஒவ்வொரு பயணமும் நீளும், குறையும். எங்கள் முதல் பயணத்தில் இது தெரியாமல், பரந்து கிடந்த ஒரு ரிசார்ட்டில் கோடிக் கட்டடத்தில் அறை கிடைத்தது. காலையில் சாப்பாட்டு ஹாலுக்கு ஒரு நடை, மறந்துவிட்ட தொப்பியை எடுக்க ஒரு நடை, நீச்சல் குளத்துக்கு ஒரு நடை, ராத்திரி 11 மணிக்கு இரண்டு குழந்தைகளையும் ஆளுக்கொன்றாகத் தூக்கிக்கொண்டு ஒரு நடை. நான்காம் நாள் என் மனைவி, பார்க்கில் நடப்பதைவிட இங்கே நடப்பதுதான் அதிகம் என்றாள். அன்றிலிருந்து புக் செய்வதற்கு முன்பே ரிசார்ட் வரைபடத்தைத் திறந்துவைத்து, பஸ் நிறுத்தம், சாப்பாட்டு ஹால், குளம் மூன்றையும் பென்சிலால் வட்டமிட்டு, நடுவில் எந்தக் கட்டடங்கள் விழுகின்றன என்று பார்ப்பது என் வழக்கமாகிவிட்டது.

இப்படிச் செய்து பார்த்தால் சில விஷயங்கள் தெரியும். ஆர்ட் ஆஃப் அனிமேஷனில் சாதாரண அறைகள் எல்லாம் லிட்டில் மெர்மெய்ட் பகுதியில் இருக்கின்றன, அதுதான் முகப்புக் கட்டடத்திலிருந்து மிகத் தொலைவு. போர்ட் ஆர்லியன்ஸ் பிரெஞ்ச் குவார்ட்டர் மாடரேட் வகையிலேயே சின்னது, ஒரே பஸ் நிறுத்தம், எங்கே அறை கிடைத்தாலும் பெரிய வித்தியாசம் இல்லை, அதனால் மாடரேட் வேண்டும் என்பவர்களுக்கு நான் அதையே சொல்வேன். பெரிய ரிசார்ட்டுகளில் பிரிஃபர்ட் என்று ஒரு அறை வகை இருக்கும். அறை அதேதான், முகப்புக்கோ பஸ் நிறுத்தத்துக்கோ கிட்டே இருப்பதற்காகக் கூடுதல் பணம். கைக்குழந்தை, முழங்கால் வலி உள்ள தாத்தா பாட்டி, ஐந்து நாளுக்கு மேல் தங்குவது, இதில் ஏதாவது ஒன்று இருந்தாலும் யோசிக்காமல் கொடுங்கள். குளத்தைப் பார்த்த அறை, ஏரியைப் பார்த்த அறை என்று காட்சிக்காகக் கொடுக்கும் பணத்தை இதற்கு மாற்றுவது நல்லது. பிள்ளைகள் 8 மணிக்குத் தூங்குகிறவர்கள் என்றால் குளத்தைப் பார்த்த அறை சத்தத்தால் தொல்லையாகவும் ஆகிவிடும்.

மாடிப்படியைப் பற்றி யாரும் சொல்வதில்லை. காரிபியன் பீச்சில் இரண்டு மாடிக் கட்டடங்கள், லிஃப்ட் கிடையாது. ரிவர்சைட்டில் அலிகேட்டர் பாயூ பகுதியும் அப்படியே. அங்கெல்லாம் தரைத்தளம் கேளுங்கள், இல்லாவிட்டால் ஸ்ட்ரோலரைத் தினமும் மேலே தூக்க வேண்டியிருக்கும். ரிவர்சைட்டிலேயே மக்னோலியா பெண்ட் கட்டடங்களில் லிஃப்ட் உண்டு, பிரெஞ்ச் குவார்ட்டரிலும் உண்டு. வேல்யூ ரிசார்ட்டுகளில் அறைக் கதவுகள் வெளி வராந்தாவைப் பார்த்தபடி இருக்கும் (ஆர்ட் ஆஃப் அனிமேஷனின் ஃபேமிலி சூட்டுகள் தவிர), விடியற்காலையில் மற்றவர்கள் கிளம்பிப் போகும் சத்தம் கதவு வழியே கேட்கும், அது தொந்தரவாக இருக்கும் என்றால் மேல்தளம் கேட்கலாம், அங்கே லிஃப்ட் இருக்கிறது.

ஆள் கணக்கும் கட்டில் கணக்கும் அடுத்தது. வேல்யூ அறையில் நாலு பேர்தான், தொட்டிலில் தூங்கும் 3 வயதுக்குள் உள்ள குழந்தை மட்டும் அந்தக் கணக்கில் வராது. பாப் செஞ்சுரியிலும் ஆல்-ஸ்டார் ரிசார்ட்டுகளிலும் பெரும்பாலான அறைகளில் ஒரு கட்டில் எப்போதும் போட்டிருக்கும், இன்னொன்று சுவரிலிருந்து இறக்கிக்கொள்ளும் கட்டில், இறக்கினால் மேசை மறைந்துவிடும். பகலில் குழந்தை விளையாட இடம் கிடைக்கிறது என்பதால் எங்களுக்கு அது பிடித்திருந்தது, ஆனால் குழந்தை தூங்கியபிறகு மேசையில் உட்கார்ந்து வேலை பார்க்கலாம் என்று நினைப்பவர்களுக்கு ஒத்துவராது. ஐந்து பேர் என்றால் ரிவர்சைட்டின் அலிகேட்டர் பாயூவில் ஐந்தாவதாக வரும் சின்னப் பிள்ளைக்கென்று ஒரு சிறு கட்டில் உள்ள அறைகள் இருக்கின்றன. ஆறு பேர் என்றால் ஆர்ட் ஆஃப் அனிமேஷனின் ஃபேமிலி சூட், அதில் குளியலறை இரண்டு. பார்க்குக்குக் கிளம்பும் காலை நேரத்தில் ஆறு பேருக்கு ஒரு குளியலறை என்றால் என்ன ஆகும் என்று நான் சொல்லத் தேவையில்லை. ஆனாலும் சூட்டின் வாடகையைப் பார்த்த கையோடு பாப் செஞ்சுரியில் இரண்டு சாதாரண அறைகளின் வாடகையையும் கூட்டிப் பாருங்கள், பல தேதிகளில் அது மலிவாக வரும். அப்படி இரண்டு அறை எடுத்தால் உள்ளே கதவு வைத்து இணைத்த அறைகள் வேண்டும் என்று தெளிவாகச் சொல்லுங்கள், பக்கத்து பக்கத்து அறை என்று மட்டும் சொன்னால் நடுவில் கதவு இல்லாத இரண்டு அறைகள் கிடைக்கலாம்.

டிஸ்னிக்கு வெளியே தங்கினால் மலிவு என்பது உண்மைதான், பெரிய குடும்பத்துக்குச் சமையலறையோடு வீடே கிடைக்கும். நேரத்தையும் அந்தக் கணக்கில் சேருங்கள். வெளியிலிருந்து காரிலோ டாக்ஸியிலோ மேஜிக் கிங்டமுக்குப் போகிறவர்கள் டிக்கெட் சென்டர் என்ற இடத்தில் இறங்கி, அங்கிருந்து மோனோரயிலோ படகோ பிடித்து ஏரியைத் தாண்ட வேண்டும். டிஸ்னி ரிசார்ட் பஸ் நேரே வாசலருகே விடும். அதோடு டிஸ்னி ரிசார்ட்டில் தங்குகிறவர்களுக்கு எல்லா நாளும் எல்லா பார்க்கிலும் 30 நிமிடம் முன்னதாக நுழைய அனுமதி உண்டு, அந்த 30 நிமிடத்துக்கு முழுப் பலன் வேண்டுமானால் வாசலில் முன்கூட்டியே நிற்க வேண்டும், அதற்கும் அறை கிட்டே இருக்க வேண்டும். டீலக்ஸ் ரிசார்ட்டுகளுக்குச் சில ராத்திரிகளில் கூடுதலாக இரண்டு மணி நேரம் கொடுக்கிறார்கள். சின்னக் குழந்தைகள் உள்ளவர்கள் அதற்காக டீலக்ஸ் எடுக்க வேண்டாம், அந்நேரம் அவர்கள் விழித்திருக்க மாட்டார்கள்.

புக் செய்தபிறகு ஆன்லைன் செக்-இன்னில் அறை பற்றிய விருப்பங்களைக் கேட்பார்கள். இவை வேண்டுகோள்தான், உத்தரவாதம் கிடையாது. அதனால் ஐந்தாறு கேட்டுக் குழப்பாமல் ஒன்று அல்லது இரண்டு மட்டும் கேளுங்கள், எது முக்கியமோ அதை மட்டும்: பஸ் நிறுத்தத்துக்கு அருகில், அல்லது தரைத்தளம். சக்கர நாற்காலி வரும் குளியலறை போன்ற உண்மையான தேவை இருந்தால் அதை வேண்டுகோளாக விடாமல், அந்த வகை அறையையே புக் செய்யுங்கள்.

வந்து சேரும் நாளில் அறை மாலை 3 மணிக்குத்தான் கிடைக்கும், சமையலறை உள்ள வில்லாக்களில் 4 மணி. காலையிலேயே வந்துவிட்டால் பெட்டிகளை முகப்பில் ஒப்படைத்துவிட்டுப் போகலாம், நீச்சல் உடையையும் குழந்தைகளின் மாற்று உடையையும் மட்டும் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். அறை எண் ஃபோனுக்கு வந்ததும் உடனே வரைபடத்தில் பாருங்கள். நீங்கள் வட்டமிட்ட இடத்துக்கு ரொம்பத் தள்ளி இருந்தால், பெட்டியைத் திறக்கும் முன்பே முகப்புக்குப் போய், கைக்குழந்தை இருக்கிறது, கிட்டே ஏதாவது காலியாக இருக்கிறதா என்று பணிவாகக் கேளுங்கள். இருந்தால் மாற்றித் தருவார்கள். ராத்திரி எல்லாரும் வந்து சேர்ந்து அறைகள் நிரம்பிவிட்டால் அவர்களாலும் எதுவும் செய்ய முடியாது.