புளி, விபூதி, மண்ணெண்ணெய்: பழம்பொருட்களை எவை கெடுக்கின்றன?

வீட்டிலிருக்கும் பழைய வெண்கலச் சிலையும் மரப்பெட்டியும் பெரும்பாலும் சுத்தம் செய்யும்போதுதான் கெடுகின்றன.

புளியும் உப்பும் போட்டுத் தேய்ப்பதுதான் பெரிய தவறு. புளியிலுள்ள டார்டாரிக் அமிலம், களிம்போடு சேர்த்து உலோகத்தைக் காத்துவந்த மேற்படலத்தையும் கரைத்துவிடும். உப்பு அதைவிட மோசம். அதிலுள்ள குளோரைடு நுண்துளைகளில் தங்கிச் செம்போடு சேரும். பிறகு ஈரமும் காற்றும் பட்டால் வெளிர்பச்சைப் பொடி பூக்கும். கூடவே உண்டாகும் அமிலம் மறுபடி செம்பை அரிக்கும். இதைத்தான் வெண்கல நோய் என்கிறார்கள். விபூதியோ செங்கல் பொடியோ போட்டுத் தேய்த்தால் கண், நகை வேலைப்பாடு, பீடத்து எழுத்து எல்லாம் மழுங்கும். அவற்றை யாராலும் மீட்க முடியாது.

பச்சையாக இருப்பதெல்லாம் நோயல்ல. கெட்டியாக, வழவழப்பாக ஒட்டியிருக்கும் அடர்பச்சையை அப்படியே விடுங்கள். மரக்குச்சி பட்டதும் உதிரும் வெளிர்பச்சைப் புள்ளிகள் இருந்தால்தான் கவலை. அத்தகைய பொருளைக் கழுவாமல், இறுக மூடும் பிளாஸ்டிக் டப்பாவில், ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லுடன் வையுங்கள். டப்பாவின் கொள்ளளவில் லிட்டருக்கு 20 கிராம் ஜெல் போதும். சிறிய ஈரப்பதமானி ஒன்றும் உள்ளே இருக்கட்டும்; அளவு 40 சதவீதத்தைத் தாண்டினால் ஜெல்லை மாற்றுங்கள். இது நோயை நிறுத்தி வைக்கும், தீர்க்காது. தீர்ப்பது வல்லுநர் வேலை. சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் அதற்கான ஆய்வகம் 1930 முதல் இருக்கிறது.

மரப்பீடத்தோடு கூடிய சிலையை இந்த டப்பாவில் வைக்காதீர்கள். அவ்வளவு வறட்சியில் மரம் வெடிக்கும். பழைய மரச்சாமானை ஏசிக் காற்று நேராகப் படும் இடத்துக்கு மாற்றினாலும் இதே கதிதான்.

மரத்தில் துளையைக் கண்டதுமே மண்ணெண்ணெய் ஊற்றுகிறார்கள். கறை படியும், தீப்பிடிக்கும் ஆபத்தும் உண்டு. ஆழத்திலுள்ள புழுவோ தப்பிவிடும். அந்தத் துளை எப்போதோ பூச்சி வெளியேறிய வழியாகவும் இருக்கலாம். தூசியைத் தட்டிவிட்டு, அடியில் கறுப்புக் காகிதம் விரித்துத் தேதி எழுதி, இரண்டு வாரம் பாருங்கள். புதுப் பொடி விழுந்தால் உள்ளே பூச்சி இருக்கக்கூடும் என்று பொருள்.

வண்ணமோ அரக்கோ பூசாத, ஒரே மரத்தாலான சிறு பொருளென்றால் பாலித்தீன் பையிலிட்டு, காற்றைப் பிதுக்கி ஒட்டி, மைனஸ் 20 டிகிரி செல்சியஸ் ஆழ்உறைபெட்டியில் இரண்டு வாரம் வைக்கலாம். வெளியே எடுத்ததும் பையைப் பிரித்துவிடாதீர்கள். குளிர்ந்த மரத்தில் நீர் கோத்துக்கொள்ளும். 24 மணி நேரம் கழித்துப் பிரியுங்கள்.